நாலாவது பாடமா ஓவியம் இருந்தா என்ன?

பத்தாம் வகுப்பு ரிசல்ட் வந்த அன்னைக்குச் சாயங்காலம் சித்தப்பா வீட்டுக்கு வந்தார். பின்னாடியே தங்கச்சி, கையில மார்க் எழுதின துண்டுப் பேப்பரோட.

"நீதாம்ல காலேஜுல படிக்க. இவள எந்த குரூப்புல சேக்கலாம், நீயே சொல்லு."

நான் வாயைத் திறக்கிறதுக்குள்ள அவளே சொன்னா: "எனக்குப் படம் வரையுற குரூப் வேணும்ணே."

எல்லாரும் சிரிச்சாங்க. உண்மையைச் சொல்லணும்னா நானும் சிரிச்சேன். அப்புறம் பெரிய மனுஷன் மாதிரி, "காமர்ஸ் எடு, அதுல கொஞ்சம் நேரம் மிச்சமாகும், மிச்ச நேரத்துல வரைஞ்சுக்கலாம்"னு தீர்ப்பு சொன்னேன். அவளும் சரின்னுட்டா. அவள் சரின்னு சொன்னதுதான் இப்போ வரைக்கும் உறுத்துது. இந்தக் கட்டுரையே அந்த உறுத்தலாலதான்.

அவள் நல்லா வரைவா. தங்கச்சிங்கிறதுக்காகச் சொல்லலை. எங்க ஊர் கொற்கைக்கு வர்றவங்க எல்லாரும் பழைய வன்னி மரத்துக்கு முன்னாடி நின்னு போட்டோ எடுத்துட்டுப் போவாங்க. அவள் அந்த மரத்தோட பட்டையை மட்டும் ஒரு நோட்டு முழுக்க வரைஞ்சு வெச்சிருக்கா. காலையில வெயில் விழும்போது ஒண்ணு, மழை பெஞ்ச பிறகு ஒண்ணு. யாரும் சொல்லிக் கொடுக்கலை. சொல்லிக் கொடுக்க ஆளும் இல்லை.

நான் படிச்சப்பவும் இதே கதைதான். டிராயிங் சார் வாரத்துல மூணு நாள், அதுவும் அரை நாள் வருவார். எட்டாம் வகுப்போட அது முடிஞ்சுது. இது எங்க ஸ்கூலோட தனிக் குறை இல்லை. 2009-ல வந்த கல்வி உரிமைச் சட்டம், ஆறிலிருந்து எட்டு வரைக்கும் 100 பிள்ளைங்களுக்கு மேல படிக்கிற பள்ளிக்குக் கலைக்கல்வி சொல்லித்தர பகுதி நேர ஆசிரியர் வேணும்னு சொல்லுது. அதை வெச்சுத்தான் 2012-ல தமிழ்நாட்டுல ஓவியம், உடற்கல்வி, தையல், இசை எல்லாத்துக்கும் சேர்த்து 16,549 பேரை எடுத்தாங்க. ஆரம்பச் சம்பளம் மாசம் 5,000 ரூபாய். அந்தச் சம்பளத்துல வந்து சொல்லிக் கொடுத்தவங்களைக் குறை சொல்ல எனக்கு வாய் வரலை. ஆனா எட்டோட கதவு மூடுது பாருங்க, அதுதான் விஷயம். பதினஞ்சு, பதினாறு வயசுல கை நல்லாப் பழகி, கண்ணு கூர்மையாகி வர்ற நேரத்துல பாடம் காணாமப் போயிடுது.

நிற்க. நான் புதுசா ஒரு குரூப் கேக்கலை. காமர்ஸ் குரூப்புல வணிகவியல், கணக்குப்பதிவியல், பொருளியல் மூணும் எல்லாருக்கும் உண்டு. நாலாவது பாடம் மட்டும் பள்ளிக்குப் பள்ளி மாறும். சில இடத்துல கணினிப் பயன்பாடுகள், சில இடத்துல வணிகக் கணிதம். அந்த நாலாவது இடத்துல ஓவியமும் இருக்கட்டும், விருப்பப்பட்டவங்க எடுத்துக்கட்டும், அதுக்கும் 600-ல 100 மார்க் வரட்டும். இவ்வளவுதான் நான் கேக்கறது.

மார்க் எதுக்கு, கலைக்கு மார்க்கான்னு கேப்பீங்க. காமர்ஸ்காரன்கிறதால ஒண்ணு சொல்றேன். ஏட்டுல எழுதாத சரக்கு கடையில இல்லாத சரக்குதான். கண்ணுக்கே தெரியாத 'நற்பெயர்'ங்கிற சொத்துக்குக்கூட மதிப்புப் போட எங்களுக்குச் சொல்லித் தர்றாங்க. ஒரு பொண்ணு ரெண்டு வருஷம் வரைஞ்சதுக்கு ஒரு வரி வரவு வைக்க இடமில்லையா? மார்க் இல்லாத எதுக்கும் நம்ம வீட்டுல நேரம் கிடையாது. "படிக்காம என்ன கிறுக்கிக்கிட்டு இருக்கே"ன்னு சித்தி கத்துறாங்களே, நாளைக்கே அது பாடம்னு ஆச்சுன்னா அவங்களே கலர் பாக்ஸ் வாங்கித் தருவாங்க :)

இது நடக்காத காரியமும் இல்லை. சிபிஎஸ்இ-ல பதினொண்ணு, பன்னிரண்டுல பெயின்டிங் ஒரு பாடம். எழுத்துத் தேர்வுக்கு 30, செய்முறைக்கு 70. மகாராஷ்டிராவுல எலிமெண்டரி, இண்டர்மீடியட்னு அரசே ஓவியத் தேர்வு நடத்தி, தேறினவங்களுக்குப் பத்தாம் வகுப்புல கூடுதல் மார்க் போடுறாங்க. இதெல்லாம் இங்கிலீஷ், இந்தி, மராட்டின்னு ஒதுக்கினாலும், கடலுக்கு அந்தப் பக்கம் பாருங்க. இலங்கையில உயர்தர வகுப்புல கலைப்பிரிவு எடுக்கிற பிள்ளைங்க சித்திரத்தை ஒரு பாடமா தமிழ்லயே படிக்கிறாங்க. மேல படிக்க யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்துல சித்திரமும் வடிவமைப்பும்னு பட்டப்படிப்பே இருக்கு. தமிழ்ல ஓவியம் படிக்கிறதுக்கு வார்த்தை, ஆசிரியர், கேள்வித்தாள் எல்லாம் உலகத்துல ஏற்கெனவே இருக்குங்கிறேன்.

நம்ம அரசாங்கத்துக்கும் இதுல வெறுப்பு ஒண்ணும் இல்லை. 2022-லேருந்து அரசுப் பள்ளிகள்ல கலைத்திருவிழா நடக்குது, ப்ளஸ் டூ பிள்ளைங்களுக்கும் ஓவியப் போட்டி உண்டு, ஜெயிச்சா கலையரசன், கலையரசின்னு பட்டம். நல்ல விஷயம்தான். ஆனா ஜெயிக்காத பிள்ளைக்கு என்ன? வருஷம் பூரா சொல்லித் தராம, ஒரு நாள் போட்டி வெச்சுப் பரிசு கொடுக்கிறது, விதைக்காம அறுக்கப் போற மாதிரி.

பாடத்துல என்ன வைக்கிறதுன்னு யோசிச்சா எங்க பக்கத்துலயே அள்ள அள்ளக் கிடக்கு. ஆதிச்சநல்லூர்ல 2004-05 அகழாய்வுல ஒரு பானை ஓடு கிடைச்சுது. ஒரு பெண், பக்கத்துல நெற்கதிர், கொக்கு, மான், முதலை, எல்லாம் களிமண்ணை ஒட்டிப் புடைப்பாச் செஞ்சது. பஸ் ஏறினா கொஞ்ச நேரத்துல போயிடலாம். திருப்புடைமருதூர் கோபுரத்துக்குள்ள மாடி மாடியாச் சுவரோவியம். கழுகுமலையில பாறையை மேலேருந்து குடைஞ்சு இறக்கின வெட்டுவான் கோயில். கிருஷ்ணாபுரத்துத் தூண் சிலைகள். இதையெல்லாம் வரலாற்றுப் புத்தகத்துல ஒரு மார்க் கேள்வியாத்தான் படிச்சிருக்கேன், "கட்டியவர் யார்?"னு. பெரிசாக் கிடக்கிற ஒரு பாறையில எங்கேருந்து உளியை வைக்க ஆரம்பிச்சிருப்பான்னு எந்த வாத்தியாரும் கேட்டதில்லை.

"வரைஞ்சா சோறு போடுமா?" இது சித்தப்பா கேட்டது. நியாயமான கேள்வி, அவர் வாழைக்காய் விலை பாத்துப் பாத்து நொந்த மனுஷன். அவருக்குக் கோவில்பட்டியைத்தான் சொன்னேன். சி. கொண்டையராஜூ, 1898-ல பிறந்தவர், சென்னை ஓவியப் பள்ளியில படிச்சவர், நாடகக் கம்பெனிக்குத் திரைச்சீலை எழுதினவர். கோவில்பட்டியில தங்கி அவர் வரைஞ்ச சாமி படங்கள் சிவகாசியில அச்சாகி காலண்டரா வீடு வீடாப் போச்சு. அவர்கிட்ட கத்துக்கிட்ட சீடர்களும் அதே தொழில்ல நின்னாங்க. சிவகாசி அச்சுக்கூடத்துக்கு மை, பேப்பர் மாதிரி ஓவியரும் ஒரு மூலப்பொருள். இதைவிட நல்ல வணிகவியல் பாடம் எனக்குத் தெரியாது. சித்தப்பா, "அந்தக் காலம் வேற"ன்னார். ஃப்ளெக்ஸ் வந்த பிறகு போர்டு எழுதுறவங்க பட்ட பாட்டை நானும் பாத்திருக்கேன், அதனால முழுசா மறுக்க முடியலை. ஆனா பி.காம் முடிச்ச எல்லாருக்கும் வேலை ரெடியா இருக்கா என்ன?

இன்னொரு பயம் எனக்கே உண்டு. பாடமாக்கினா கைடு வரும், "முக்கியமான பத்துப் படங்கள்"னு ஜெராக்ஸ் கடையில விப்பான், எல்லாரும் ஒரே பூச்சாடியை வரைவாங்க. வரும், கண்டிப்பா வரும். தமிழையும்தான் கோனார் உரை வெச்சுப் படிக்கிறோம், அதுக்காகத் தமிழ்ப் பாடமே வேண்டாம்னு சொல்றோமா?

எனக்கு ரொம்பக் கோபம் வர்ற இடம் ப்ளஸ் டூவுக்கு அடுத்தது. அரசு கவின்கலைக் கல்லூரி சென்னையில ஒண்ணு, கும்பகோணத்துல ஒண்ணு. சென்னைக் கல்லூரி 1850-ல தொடங்கினது. எந்த குரூப் படிச்சாலும் விண்ணப்பிக்கலாம், ஆனா வரைஞ்சு காட்டணும். ரெண்டு வருஷம் பாடமாவே பெயின்டிங் படிச்ச பிள்ளையும், எட்டாம் வகுப்புக்குப் பிறகு யாருமே சொல்லித் தராத எங்க ஊர்ப் பிள்ளையும் ஒரே ஹால்ல உக்காந்து வரையணும். கதவு திறந்துதான் இருக்கு, படிக்கட்டைத்தான் கட்டலை.

போன வாரம் அவளோட கணக்குப்பதிவியல் நோட்டைத் திருத்திக் கொடுக்க வாங்கினேன். பேரேட்டுல பற்று ஒரு பக்கம், வரவு ஒரு பக்கம், நடுவுல ஒரு கோடு வரும் இல்லையா. ஒரு பக்கத்துல அந்த நடுக்கோடு மட்டும் தடிச்சு, பட்டை உரிஞ்சு, வன்னி மரமா மேலே போயிருந்துச்சு. ரெண்டு பக்கமும் கூட்டல் சரியா இருந்தது. நான் ஒண்ணும் சொல்லலை. நோட்டைத் திருப்பி வாங்கும்போது, "கும்பகோணத்துல என்ன வரையச் சொல்லுவாங்கண்ணே?"ன்னு கேட்டா. விசாரிச்சுச் சொல்றேன்னு சொல்லியிருக்கேன்.