ஒரு பல் கூடினால்

"15 போட்டாச்சா?"

பைக் வைத்திருக்கும் என் நண்பர்களில் இந்தக் கேள்வியைக் கேட்காத ஆள் கிடையாது. முன் ஸ்ப்ராக்கெட்டில் கம்பெனி கொடுத்த 14 பல்லைக் கழற்றிவிட்டு 15 பல் மாட்டுவது. செலவு சில நூறு ரூபாய், வேலை அரை மணி நேரம். அந்த அரை மணி நேரத்தில் ஸ்ரீரங்கத்திலிருந்து தில்லைநகருக்கு ஆபீஸ் போகிற வண்டி 'டூரிங்' வண்டி ஆகிவிடுகிறது. லீவு கேட்கத் தேவையில்லை, லடாக்குக்குப் போகவும் தேவையில்லை.

அந்தப் பதினைந்தாவது பல் மேல் எனக்கு ஒரு கோபம் இருக்கிறது. நானும் போட்டவன் என்பதால் கொஞ்சம் உரிமையோடு கோபப்படலாம்.

முதலில் கணக்கு. என் 150 சிசி வண்டியில் முன்னால் 14, பின்னால் 42. முன்னது மூணு சுற்று சுற்றினால் பின்சக்கரம் ஒரு சுற்று. 15 போட்டால் அந்த 3 என்பது 2.8 ஆகிவிடும். டாப் கியரில் 80 கிலோமீட்டர் வேகத்தில் 6000 சுற்று போட்ட இஞ்சின், அதே வேகத்துக்கு 5600 போட்டால் போதும். அதிர்வு குறையும், கை மரத்துப்போவது குறையும், சீராக ஓட்டினால் பெட்ரோலும் கொஞ்சம் மிச்சமாகும். இதில் பொய் எதுவும் இல்லை. பின்னால் மூணு பல்லைக் குறைத்தாலும் ஏறக்குறைய இதே பலன்தான். ஆனால் முன்னால் ஒன்றைக் கூட்டுவது மலிவு. செயினை வெட்ட வேண்டாம், பின் ஆக்ஸிலை ஒரு மூணு மில்லிமீட்டர் முன்னால் தள்ளினால் போதும். அதனால் எல்லாரும் முன்னால்தான் கை வைக்கிறார்கள்.

"ஆறாவது கியர் கிடைச்ச மாதிரி இருக்கு மச்சான்." இங்கேதான் எனக்குப் பற்றிக்கொண்டு வரும். எங்கேடா கிடைத்தது? ஸ்ப்ராக்கெட் இருப்பது கியர்பாக்ஸுக்கு வெளியே. அது டாப் கியரை மட்டும் தனியாகக் கூப்பிட்டுப் பேசாது. அஞ்சு கியரும் சேர்ந்தே நீளும், அஞ்சிலும் இழுவை சுமார் ஏழு சதவீதம் குறையும். மாடிப்படியில் படிகளின் எண்ணிக்கையை மாற்றாமல் ஒவ்வொரு படியையும் உயர்த்திக் கட்டியது போல. மேல் படியில் நின்று காற்று வாங்குகிறவனுக்குச் சுகமாகத்தான் இருக்கும். முதல் படியில் கால் வைக்கிற முழங்காலிடம் யாரும் கேட்பதில்லை.

நான் 15 போட்டதற்கு ஒரு நியாயமான காரணம் இருந்தது. மாம்பழச் சாலைக்கும் அண்ணா சிலைக்கும் நடுவே இருக்கிற காவிரிப் பாலத்தை 2022 நவம்பரில் பராமரிப்புக்காக டூவீலருக்கும் மூடிவிட்டார்கள். ஆபீஸுக்குத் திருவானைக்காவல் வழியாகப் போய் சென்னை பைபாஸ் பாலத்தில் ஏறி, சஞ்சீவி நகரில் இறங்கிச் சுற்றி வரவேண்டும். திடீரென்று தினமும் எனக்குக் கொஞ்சம் ஹைவே கிடைத்தது. 15 போட்டேன். காலையில் பைபாஸில் வண்டி அப்படியே மிதந்தது. 2023 மார்ச்சில் பாலத்தைத் திறந்தார்கள். ஊரே பழைய வழிக்குத் திரும்பியது. என் பல் மட்டும் திரும்பவில்லை.

காலை ஒன்பது மணிக்கு அந்தப் பாலத்தில் போயிருக்கிறீர்களா? முன்னால் பஸ், பக்கத்தில் ஸ்கூல் வேன், நடுவில் திடீரென்று நின்று காவிரியில் தண்ணீர் எவ்வளவு என்று எட்டிப் பார்க்கிற ஒரு புண்ணியவான். நடக்கிற ஆளின் வேகத்தில் வண்டி நகர வேண்டும். ஃபர்ஸ்ட் கியரில் கிளட்சை முழுசாக விட்டுவிட்டு ஊர்ந்து போக ஒரு குறைந்தபட்ச வேகம் உண்டு. 15 போட்டதும் அந்தக் குறைந்தபட்சம் ஏறிவிட்டது. அதற்குக் கீழே போக வேண்டுமென்றால் ஹாஃப் கிளட்ச்தான். ஹாஃப் கிளட்ச் என்றால் பிளேட்டுகள் ஒன்றோடொன்று உரசி வழுக்கிக்கொண்டே இருப்பது. உரசல் சூடாகிறது, சூடு தேய்மானமாகிறது. பாலம் தாண்டி அண்ணா சிலை சிக்னல், சத்திரம் பஸ் ஸ்டாண்ட் நெரிசல், சாயங்காலம் இதே மறுபடியும். ஞாயிற்றுக்கிழமை அம்மா டபுள்ஸ். சித்திரை வீதியிலிருந்து உத்திர வீதிக்குள் திரும்பும்போது, செகண்டில் முன்பு சமர்த்தாகத் திரும்பிய வண்டி உதற ஆரம்பித்தது. "ஏன்டா, வண்டிக்கு உடம்பு சரியில்லையா?" என்றாள் அம்மா. டூரிங் வண்டிம்மா என்று அவளிடம் எப்படிச் சொல்வது?

எட்டு மாசத்தில் கிளட்ச் பிளேட் போனது. கழற்றிய மெக்கானிக் கருகின பிளேட்டை மோந்து பார்த்துவிட்டு, "தம்பிக்கு ஹைவேல வேலையா?" என்றார்.

"இல்லண்ணே, தில்லைநகர்."

"அப்ப 15 யாருக்கு?"

இதுவரை நான் படித்த எந்த பைக் விமர்சனத்திலும் இவ்வளவு நல்ல கேள்வி இல்லை.

சரி, டூரிலாவது அந்தப் பல் சம்பாதித்துக் கொடுத்ததா? ஆடி மாசம் ஒரு சனிக்கிழமை முக்கொம்பு, குளித்தலை வழியாகக் கரூர் போனேன். பாலக்காட்டுக் கணவாய் வழியாகப் புகுந்து வரும் மேற்குக் காற்று நேராக மூஞ்சியில். அம்மி பறக்கும் என்று சும்மாவா சொன்னார்கள். வேகம் ரெண்டு மடங்கானால் காற்றைக் கிழிக்க எட்டு மடங்கு பவர் வேண்டும். எதிர்க்காற்று என்றால் நின்ற இடத்திலேயே அந்தக் கணக்கு பாதி ஓடிவிடும். டாப்பில் இழுக்கவில்லை, நாலாவதுக்கு இறக்கினேன். நாலாவதில் இஞ்சின் பழைய டாப்பைவிட அதிகமாகக் கத்தியது. அதாவது காசு கொடுத்து வாங்கிய டாப் கியரை மூட்டை கட்டி வைத்துவிட்டு, கரூர் வரை நாலு கியர் வண்டி ஓட்டினேன். சாயங்காலம் திரும்பும்போது அதே காற்று முதுகில். ஆஹா, என்ன வண்டி! 15 போட்டவர்கள் எல்லோரும் திரும்பி வந்த கதையைத்தான் எழுதுகிறார்கள் என்று எனக்கு ஒரு சந்தேகம்.

கொல்லிமலை இன்னும் மோசம். காரவள்ளியிலிருந்து 70 கொண்டை ஊசி வளைவு. ஒவ்வொரு வளைவிலும் செகண்டில் உயிர் இல்லை, ஃபர்ஸ்டில் அலறல். தமிழ்நாட்டில் நாம் 'டூர்' என்று போகிற இடங்களை எண்ணிப் பாருங்கள்: கொல்லிமலை, பச்சமலை, ஏற்காடு, வால்பாறை, கொடைக்கானல். எல்லாம் ஏற்றம். ஏற்றத்துக்குப் போகிறவன் இழுவையைக் குறைத்துக்கொண்டு கிளம்புவதற்குப் பெயர் டூரிங் செட்டப்!

ராயல் என்ஃபீல்டு ஹிமாலயன் 411-ஐ 15/38 பல்லோடுதான் விற்றார்கள். பேரிலேயே மலை இருக்கிற வண்டி. அதை வாங்கி, ஹைவேயில் இன்னும் அமைதியாகப் போகட்டும் என்று 16 மாட்டியவர்களை எனக்குத் தெரியும். கம்பெனி கொடுத்தது வேதம் என்று நான் சொல்லவில்லை. மைலேஜ், சத்தம், புகை, பிக்கப் என்று பத்து பேருக்குப் பதில் சொல்ல வேண்டிய சமரசம் அது. மாற்றலாம். யாருடைய சாலைக்காக மாற்றுகிறோம் என்பதுதான் என் சண்டை.

நம்ம ஊர்ப் பொன்மலைப் பணிமனையில் நீலகிரி மலை ரயிலுக்கு நீராவி இஞ்சின் செய்கிறார்கள். கல்லாருக்கும் குன்னூருக்கும் நடுவே தண்டவாளத்தின் மத்தியில் பல்சட்டம் ஓடும். இஞ்சினின் பல்சக்கரம் அதைக் கடித்துக் கடித்து ஏறும். ஏறக்குறைய பன்னிரண்டு அடிக்கு ஓர் அடி ஏற்றம். அந்த இஞ்சின் ஏறுகிற வேகத்தில் சைக்கிளில் போகலாம். அதைச் செய்கிறவர்கள் அதற்காக வெட்கப்பட்டதாக நான் கேள்விப்பட்டதில்லை.

வெட்கம்தான் விஷயம் என்று நினைக்கிறேன். விடிகாலையில் ரெண்டு பக்கமும் கேன் தொங்க ஸ்ரீரங்கத்துக்குள் வருகிற பால்காரர் 13 போட்டிருப்பார், இல்லை பின்னால் ரெண்டு மூணு பல் கூட்டியிருப்பார். அவருக்கும் நஷ்டம் உண்டு: இஞ்சின் அதிகம் சுற்றும், சின்னச் சக்கரத்தில் செயின் கூர்மையாக மடங்குவதால் சீக்கிரம் தேயும். அதெல்லாம் தெரிந்துதான் போட்டிருக்கிறார். ஒரு வருஷத்தில் அவர் ஓட்டுகிற தூரத்தில் பாதிகூட நம் 'ரைடர்'கள் ஓட்டுவதில்லை. ஆனால் 13 போட்டதைப் படம் எடுத்து ஸ்டேட்டஸ் போட்ட ஒருவரையும் நான் பார்த்ததில்லை. சுமை ஏற்றுகிறவன், அம்மாவைக் கூட்டிப்போகிறவன், தினமும் பாலத்தில் நிற்கிறவன், இவர்களுடைய கணக்குக்கு நம்மிடம் ஸ்டைலான பெயர் இல்லை. மாசத்தில் இருபத்தைந்து நாள் வாழ்கிற வாழ்க்கைக்குப் பல் எண்ணாமல், ரெண்டு நாள் வாழப்போவதாக நினைத்துக்கொள்கிற வாழ்க்கைக்கு எண்ணுகிறோம். அந்த ரெண்டு நாளும் பெரும்பாலும் மழையில் கேன்சல்.

இன்னொன்று. சில வண்டிகளில் ஸ்பீடோமீட்டர் கியர்பாக்ஸிலிருந்து கணக்கு எடுக்கும். அதில் 15 போட்டால் முள் 75 காட்டும்போது வண்டி 80-இல் போய்க்கொண்டிருக்கும். சக்கரத்திலிருந்து எடுக்கிற வண்டியில் இந்தப் பிரச்சினை இல்லை. உங்களுடையது எது என்று தெரியாமல் மைலேஜ் பற்றி என்னிடம் சண்டைக்கு வராதீர்கள்.

நான் 14-க்குத் திரும்பிவிட்டேன். கழற்றிய 15 மேஜை டிராயரில் கிடந்தது. போன மாசம் மெடிக்கல் ரெப்பாக இருக்கும் நண்பன் வந்தான், அதே மாடல் வண்டி. காலையில் சமயபுரம் தாண்டினால் பெரம்பலூர், அங்கிருந்து அரியலூர், ராத்திரிதான் வீடு. பெரும்பாலும் சமதளம், சிங்கிள்ஸ், பை ஒன்று. தினமும் 150 கிலோமீட்டருக்குக் குறையாது. "14-லயே ஓட்டறேன்டா, சாயங்காலம் கை ரெண்டும் என்னோடது இல்ல" என்றான். உனக்கு 15தான்டா சரி என்றேன். அவனுக்கு ஆச்சரியம், நான் இந்த விஷயத்தில் எப்படிப் பேசுவேன் என்று தெரியும். டிராயரிலிருந்து எடுத்துக் கொடுக்கப் போனேன். பல் நுனியெல்லாம் சாய்ந்து தேய்ந்திருந்தது. தேய்ந்த பல்லோடு நல்ல செயினைச் சேர்த்தால் செயினும் கெடும். "புதுசா செட்டா வாங்கிக்கோ, முன்ன 15, பின்ன 42, செயினும் சேர்த்து" என்று ஒரு சீட்டில் எழுதிக் கொடுத்தேன்.