பட்டாளத்தாரின் புதிய துப்பாக்கி

துப்பாக்கியைப் பற்றிய வியாசம் ஒன்றுக்கு மிஷன் கலாசாலைச் சஞ்சிகையில் இடமேது என்று அன்பர் சிலர் புருவம் நெறிக்கக்கூடும். நாமும் போரை விரும்புகின்றோமில்லை. ஆயினும், விழுப்புரம் சந்திப்பில் இரும்புப் பெட்டியும் படுக்கைச் சுருளுமாய் விடுமுறைக்கு வந்திறங்கும் பட்டாளத்து இளைஞருள் பலர், திண்டிவனம், செஞ்சி, மயிலம் முதலிய நம் பக்கத்து ஊர்களைச் சேர்ந்தோரே. அவர்தம் கையில் நாட்டார் கொடுத்தனுப்பும் கருவி எத்தகையது என்று ஆராய்தல் போரை விரும்புதல் ஆகாது. ஆராயாது விடுதலே அன்பிற்கு மாறானது.

விஷயம் இது. 1990-களின் பிற்பகுதி தொட்டு நம் காலாட்படையினர் ஏந்தி வந்தது இன்சாஸ் என்னும் துப்பாக்கி. அதன் தோட்டா 5.56 மில்லிமீட்டர். அதனை நீக்கிவிட்டு வேறு இரண்டு துப்பாக்கிகளைப் படையில் சேர்த்து வருகின்றனர். ஒன்று, அமெரிக்காவில் செய்யப்படும் சிக் 716. இது 2019-இல் 72,400-உம், 2024-இல் மீண்டும் 73,000-உம் வாங்குவதற்கு ஒப்பந்தமாயிற்று. மற்றொன்று, ருஷ்யரோடு கூடி உத்தரப் பிரதேசத்து அமேதி ஜில்லாவில் கோர்வா என்னுமிடத்தில் செய்யப்படும் ஏ.கே. 203. இதற்கு 2021 டிசம்பரில் எழுதப்பட்ட ஒப்பந்தம் 6,01,427 துப்பாக்கிகளைக் குறித்தது. இவ்விரண்டில் எது சிறந்தது என்று பேசுவோர் பலரும் துப்பாக்கியையே பார்க்கின்றனர். நாம் பார்க்க வேண்டுவது தோட்டாவை. துப்பாக்கி தோட்டாவுக்காகச் செய்யப்படுவதேயன்றி, தோட்டா துப்பாக்கிக்காகச் செய்யப்படுவதன்று.

திண்டிவனத்திற்கு வடக்கே வந்தவாசியில் 1760-ஆம் ஆண்டு ஜனவரி 22-ஆம் நாள் அயர் கூட் என்னும் ஆங்கிலத் தளபதியும் லாலி என்னும் பிரெஞ்சுத் தளபதியும் பொருதனர். அன்று இருதிறத்தாரும் ஏந்தியவை, குழல்வாய் வழியே மருந்தும் குண்டும் கெட்டிக்கும் சக்கிமுக்கித் துப்பாக்கிகள். குண்டோ நம் கட்டைவிரலளவு பருத்தது. நூறு கஜத்திற்கு அப்பால் குறி என்பது பெயரளவே. பின்னர் வந்த 303 துப்பாக்கியின் குண்டு 7.7 மில்லிமீட்டராயிற்று. 1962-இல் இமயத்துப் பனியில் சீனரை எதிர்த்த நம் வீரர், ஒவ்வொரு வெடிக்கும் கையால் தாழ்ப்பாளை இழுத்துவிடும் அந்தத் துப்பாக்கியைத்தான் ஏந்தியிருந்தனர். அதன் பிறகு ஈஷாப்பூரில் செய்யப்பட்ட தானியங்கித் துப்பாக்கிக்கு 7.62; இன்சாஸுக்கு 5.56. இங்ஙனம் இருநூறாண்டுக்கு மேலாகச் சிறுத்துக்கொண்டே வந்த குண்டு, இப்பொழுதுதான் திரும்பிப் பருக்கத் தலைப்பட்டிருக்கின்றது.

சிறுத்தற்குக் காரணம் யாது? சுமையே. இன்சாஸ் தோட்டா ஒன்று சுமார் 12 கிராம் எடை. ஏ.கே. 203-க்கு உரியது சுமார் 16 கிராம். சிக் 716-க்கு உரியதோ சுமார் 24 கிராம். இருநூறு தோட்டாவைக் கட்டிக்கொண்டு மலையேறுகின்றவனுக்கு முதலது 2.4 கிலோ, இரண்டாவது 3.2 கிலோ, மூன்றாவது 4.8 கிலோ. அதன்மேல் துப்பாக்கி, தண்ணீர், உணவு, மார்க்கவசம், போர்வை. கணக்கு வாத்தியாருக்கு இஃது எளிய பெருக்கல். தோளில் சுமப்பவனுக்கு அப்படியன்று. பெரிய தோட்டா தோளை மிகுதியாக உதைக்கும். ஆகவே அடுத்த வெடிக்குக் குறி பிடிக்கத் தாமதமாகும். காலாட்படைச் சண்டை பெரும்பாலும் முந்நூறு மீட்டருக்குள் முடிந்துவிடுகின்றது என்பதை இரண்டாம் உலக யுத்தத்திலேயே ஜெர்மானியரும் ருஷ்யரும் கண்டுகொண்டனர். நடுத்தரத் தோட்டா என்னும் எண்ணம் அங்குப் பிறந்தது.

இவ்விஷயத்தில் அமெரிக்கர் நடந்துகொண்ட விதம் வேடிக்கையானது. ஆங்கிலேயர் 1950-ஐ ஒட்டி 7 மில்லிமீட்டர்ச் சிறு தோட்டா ஒன்றைச் செய்து, நேசநாடுகள் யாவும் அதனை ஏற்கவேண்டும் என்றனர். அமெரிக்கர் ஒப்பாது, 7.62 மில்லிமீட்டர் நெடுந்தோட்டாவையே 1954-இல் எல்லார் தலையிலும் கட்டினர். பத்துப் பன்னிரண்டு ஆண்டு செல்லுமுன் வியட்னாம் காடுகளில் தாமே அதனைக் கைவிட்டு 5.56-ஐ ஏந்தினர். 1980-இல் நேசநாடுகளும் பின்தொடர்ந்தன. இப்பொழுது, பகைவரின் மார்க்கவசத்தைத் துளைக்கவேண்டும் என்று சொல்லி, 2022-இல் 6.8 மில்லிமீட்டர் வன்தோட்டாவுக்குரிய புதுத்துப்பாக்கி ஒன்றைத் தேர்ந்துள்ளனர். முப்பது தோட்டா கொண்டிருந்த கூட்டில் இனி இருபதே. அந்நாட்டிலும் இதனைக் குறித்து வாக்குவாதம் ஓய்ந்தபாடில்லை. ஊருக்கெல்லாம் உபதேசம் செய்தவரே மூன்று முறை மனம் மாறினர் என்றால், நாம் அவர் பின்னே ஓடுவதற்குமுன் சற்று நின்று சிந்திப்பதில் இழுக்கில்லை.

பெரிய தோட்டா வேண்டுவோர் கூறும் நியாயத்தையும் மறைத்தலாகாது. காசுமீரத்தில் மறைந்து தாக்குவோன், சிறு குண்டு பட்டும் விழாது எதிர்த்துச் சுடுகின்றான். காயமுற்றவனைத் தூக்கிச்செல்ல இருவர் வருவர் என்னும் பழைய கணக்கு, காயத்தைப் பொருட்படுத்தாதவனிடத்துச் செல்லாது என்பர். மெய்தான். ஆனால் 5.56 தோட்டா காயப்படுத்துவதற்கென்றே படைக்கப்பட்டது என்பது பிற்காலத்தில் எழுந்த பேச்சு. அது படைக்கப்பட்டது இலேசாயிருத்தற் பொருட்டே. மேலும், உயர்ந்த மலைமுகட்டில் ஒரு பள்ளத்தாக்குக்கு அப்பால் நிற்பவனைச் சுடவேண்டுமாயின் நெடுந்தோட்டா வேண்டும். இதனையும் நாம் மறுக்கவில்லை. அந்த வேலைக்கு ஒவ்வொரு சிறுபிரிவிலும் இயந்திரத் துப்பாக்கி உண்டு. அதன் பொருட்டே 2020-இல் இஸ்ரவேல் நாட்டு நெகேவ் 16,479-க்கு ஒப்பந்தம் செய்தனர். அதன் தோட்டாவும் 7.62 நெடுந்தோட்டாவே. ஒருவன் செய்யவேண்டியதற்காகப் பதின்மரும் சுமப்பானேன்?

ஆதலின் நம் அபிப்பிராயம், பெரும்படைக்கு நடுத்தரத் தோட்டாவே தக்கது என்பதாம். ஏ.கே. 203-ஐ முதன்மைக் கருவியாகக் கொண்டதை வரவேற்கின்றோம். வரவேற்காதது, மூன்று தோட்டாக்களையும் ஒருங்கே வைத்துக்கொண்டு நடப்பதை. சிறு கார்பைன்களுக்கு 5.56 இன்னும் வேண்டப்படுகின்றது. எஞ்சிய இரண்டும் 7.62 என்றே பெயர் பெற்றவை. ஆனால் ஒன்றன் கூடு 39 மில்லிமீட்டர் நீளம், மற்றொன்றன் கூடு 51. வருகைப் பதிவேட்டில் ஒரே பெயருடைய இரு மாணாக்கர் இருந்தால் ஆசிரியர் படும் பாட்டை நாம் அறிவோம். நள்ளிரவில், பனியில், கழுதைப் பொதியிலிருந்து இறக்கிய பெட்டியில் உள்ளது மற்றவனுக்குரிய தோட்டாவாயின், அதனைப் பெற்றவன் கையில் இருப்பது தடியே. 2011-இல், குழலை மாற்றினால் இருவகைத் தோட்டாவும் சுடும் துப்பாக்கி ஒன்றைத் தேடப் புகுந்து, நான்காண்டு கழித்து அம்முயற்சியையே கைவிட்டனர். தோட்டாவை முதலில் முடிவு செய்யாததன் பலன் அது.

மற்றொன்றும் உண்டு. துப்பாக்கியை ஏந்துவோனை முன்னரே கேட்டல் வேண்டும். 1857-இல் கொழுப்புத் தடவிய என்பீல்டு தோட்டாவைச் சிப்பாய்களின் மனம் அறியாது கொடுத்ததன் விளைவைச் சரித்திர மாணாக்கர் அறிவர். 1999-இல் கார்கில் குளிரில் இன்சாஸின் பிளாஸ்டிக் தோட்டாக்கூடு வெடித்துப் பிளந்ததும், வெடிக்கும்போதே துப்பாக்கி சிக்கிக்கொண்டதும் வீரர் வாயால் வெளிவந்தவையே. சோதனைச் சாலையில் தேறிய கருவி மலையில் தேறவில்லை.

விழுப்புரத்தில் காலையில் ரயிலேறினால் நண்பகலுக்குள் திருச்சிராப்பள்ளியை அடையலாம். 1966-இல் நிறுவப்பட்ட அவ்வூர்த் துப்பாக்கித் தொழிற்சாலையார் இன்சாஸையும் செய்தனர்; ஏ.கே. 203 உண்ணும் அதே 39 மில்லிமீட்டர்த் தோட்டாவுக்குத் திருச்சி ரைபிள் என்ற ஒன்றையும் தாமே அமைத்துள்ளனர். ஒரே தோட்டா என்று உறுதி செய்துவிட்டால், அவர்போன்றார்க்கு வேலையும், படைக்குத் தட்டில்லாத வழங்கலும் ஒருங்கே அமையும். ஒப்பந்தத் தொகைகளை வகுத்துப் பார்த்தால், ஏ.கே. 203 ஒன்றுக்குச் சுமார் 85,000 ரூபாயும், 2024-இல் 837 கோடிக்கு வாங்கிய சிக் 716 ஒன்றுக்கு 1,14,000 ரூபாய்க்கு மேலும் ஆகின்றது. இருமுறையும் வாங்கிய 1,45,400 சிக் துப்பாக்கிகளை வீசியெறிய வேண்டுவதில்லை. உயர்ந்த மலைமுகடுகளில் காவல் நிற்கும் பட்டாளங்களுக்கு அவை போதும். மூன்றாம் முறை வாங்க வேண்டா.