மரண மதிப்பெண்ணுக்கும் சுழிப்பிழை உண்டு

அம்பத்தூரில் எங்கள் தெருவில் 68 வயதுப் பெரியவர் ஒருவர் இருக்கிறார். தொழிற்பேட்டையில் லேத் ஓட்டி ஓய்வு பெற்றவர். வயிற்றுப் பெருந்தமனி பலூன்போல் புடைத்துவிட்டது, வெடிக்குமுன் அறுவை செய்ய வேண்டும் என்றனர். ஓரிரவு அவர் மகன் ஒரு சீட்டுடன் ஓடிவந்தான். அதில் ‘கிளாஸ்கோ மதிப்பெண் 89’ என்றிருந்தது. “சார், நூற்றுக்கு 89 பேர் பிழைக்க மாட்டார்களாமே! அப்பாவை அழைத்து வந்துவிடலாமா?” என்றான்.

89 என்பது சதவீதமே அன்று. வயது 68; முன்பு வந்த மாரடைப்புக்கு 7; சிறுநீரகக் கோளாறுக்கு 14. கூட்டிப் பாருங்கள், அவ்வளவுதான் கணக்கு! எண் கூடினால் ஆபத்து கூடும் என்பதே பொருள். இது ஸ்காட்லாந்து நோயாளிகளைக் கொண்டு 1994-இல் வெளியிடப்பட்டது. அவர்கள் வயிற்றைத் திறந்து அறுவை செய்துகொண்டவர்கள். இன்றோ தொடைத் தமனி வழியே உறைக்குழாயைச் செலுத்தும் முறையும் உண்டு. 2004-இல் வெளியான பிரிட்டன் ஆய்வில், 30 நாட்களுக்குள் இறந்தவர்கள் திறந்த அறுவையில் 4.7 சதவீதம், குழாய் முறையில் 1.7 சதவீதம். கிளாஸ்கோ கணக்கோ இரண்டுக்கும் ஒரே எண்ணைத்தான் தரும்!

திருகு அளவியைத் தொட்டதும் சுழிப்பிழை பார்க்கச் சொல்கிறோம் அல்லவா? 1991-இல் வந்த ‘பாசம்’ என்ற மதிப்பெண் முறையில் (நம் தமிழ்ப் பாசம் அன்று!) 18 விவரங்கள் உண்டு. எல்லாம் மிக நன்றாக இருப்பவருக்கும் அதன் சூத்திரம் 1.08 சதவீத மரண வாய்ப்பைத் தரும். அதற்குக் கீழே அது இறங்கவே இறங்காது. சுழிப்பிழை என்றால் இதுதான்! இங்கிலாந்தின் போர்ட்ஸ்மத் மருத்துவர்கள் தங்கள் நோயாளிகளோடு ஒப்பிட்டுச் சூத்திரத்தைத் திருத்தினர். 1998-இல் அந்த அடிமட்டம் சுமார் 0.2 சதவீதமாயிற்று.

சுழிப்பிழையுள்ள தராசும் இருவரில் யார் கனம் என்பதைச் சரியாகவே காட்டும். எத்தனை கிலோ என்பதில்தான் தவறும். ஆகவே வரிசை சரியாக இருப்பதால் எண்ணும் சரி என்று நம்பிவிடக் கூடாது. எண் சரியாகவே இருந்தாலும், 5 சதவீதம் என்பது அத்தகைய நூறு பேரைப் பற்றியது. அந்த ஐவர் யார் என்று அது சொல்லாது.

மதிப்பெண்ணே வேண்டாம் என்பதல்ல என் கட்சி. இரத்தநாள அறுவை செய்யும் நம் மருத்துவமனைகள் ஒவ்வொன்றும், கணித்த மரணங்களையும் நேர்ந்த மரணங்களையும் ஆண்டுதோறும் ஒப்பிட்டு வெளியிட வேண்டும். அந்த ஒப்பீடு இல்லாமல், எண்ணை மட்டும் காட்டி ஒரு முதியவரை மேசையிலிருந்து திருப்பி அனுப்புவது நியாயமன்று. அறுவை செய்யாவிட்டால் என்ன ஆபத்து என்பதையும் அந்தச் சீட்டிலேயே எழுதட்டுமே.

மகனிடம் இவ்வளவும் சொல்லவில்லை. “இங்கே இப்படிப்பட்டவர்களில் எத்தனை பேர் நலமாக வீடு திரும்பினர்?” என்று மருத்துவரிடம் கேட்கச் சொல்லி அனுப்பினேன்.