இணையச் சமூகமும் மென்பொருள் மாற்றமும்

நுழையும்முன்

பலர் கூடி உழைக்கும் ஓர் இணையதளத்தின் மென்பொருள் மாறும்போது திரையின் தோற்றம் மட்டும் மாறுவதில்லை; அங்கே உழைப்போரின் பழக்கமும் உரிமையும் அசைக்கப்படுகின்றன. விக்கிப்பீடியாவின் வரலாற்றைச் சான்றாகக் கொண்டு, அத்தகைய மாற்றம் எவ்வாறு நிகழவேண்டும் என்னும் கருத்தை இக்கட்டுரை முன்வைக்கிறது. மாணவர்களே, கருத்தை ஏற்பதா மறுப்பதா என்பதைப் படித்தபின் நீங்களே முடிவு செய்யுங்கள்.

மாற்றமும் அதன் விரைவும்

மொழியில் பழையவை நீங்குவதையும் புதியவை சேர்வதையும் குற்றமாகக் கருதாதவர் நன்னூலார். மொழிக்குப் பொருந்தும் இவ்விதி கருவிகளுக்கும் பொருந்தும். ஓலைச்சுவடி தாளுக்கு இடம் தந்தது. அச்சு எழுத்துக் கோத்த விரல்கள் கணினி விசைகளுக்குப் பழகின. ஆகவே, மென்பொருள் மாறுவதே தவறு என்று எவரும் வாதிட இயலாது.

ஆயினும், மொழி மாறுவதற்கும் மென்பொருள் மாறுவதற்கும் இடையே பெரியதொரு வேறுபாடு உண்டு. மொழி, பேசுவோர் நாவில் மெல்ல மாறுகிறது. ஒரு சொல்லை ஒரே இரவில் வழக்கிலிருந்து நீக்கும் ஆற்றல் எவருக்கும் இல்லை. மென்பொருளோ, அதனை ஆள்வோர் குறித்த நாளில் மாறிவிடுகிறது. நேற்றுவரை வலப்புறம் இருந்த பொத்தான் இன்று காலை இடப்புறம் சென்றிருக்கும். அல்லது இல்லாமலே போயிருக்கும்.

பயணச்சீட்டு வாங்கும் தளம் இவ்வாறு மாறினால், நமக்குச் சிறிது நேரம் வீணாகும், அவ்வளவே. விக்கிப்பீடியா போன்ற தளத்தின் நிலை வேறு. அங்கே பயனர்கள் வாடிக்கையாளர்கள் அல்லர். ஊதியமின்றிக் கட்டுரை எழுதி, பிழை திருத்தி, சான்று சேர்த்து அத்தளத்தை உருவாக்குபவர்களே அவர்கள்தாம். கைக்கருவி கெட்டால் தச்சர் வேலையை விடுவது போல, மென்பொருள் இடையூறு செய்தால் தன்னார்வலர் விலகிச் செல்வார். அவரைத் தடுத்து நிறுத்த ஒப்பந்தம் எதுவும் இல்லை. அவர் விலகினால் இழப்பு, அக்கலைக்களஞ்சியத்தைப் படிக்கும் நம் அனைவருக்கும் உரியது.

இதனால்தான், ‘மாற்றம் வேண்டுமா’ என்பதைவிட ‘யாரைக் கேட்டு மாற்றுவது’ என்னும் வினா முதன்மை பெறுகிறது.

வளர்ச்சி கேட்ட மாற்றம்

விக்கிப்பீடியா 2001 ஜனவரி 15 அன்று தொடங்கியது. அப்போது அது ‘யூஸ்மாட்விக்கி’ என்னும் எளிய மென்பொருளில் இயங்கியது. தொடக்கத்தில், இணைப்புத் தரவேண்டிய தலைப்புகளின் சொற்களுக்கிடையே இடைவெளி விடாமல், ஒவ்வொரு சொல்லின் முதலெழுத்தையும் பெரிதாக்கி, ஒன்றாகச் சேர்த்து எழுதவேண்டியிருந்தது. கட்டுரைகள் பெருகப் பெருக அம்மென்பொருள் சுமை தாங்காது திணறியது.

அந்நிலையில், ஜெர்மனியில் உயிரியல் பயின்ற மாணவரான மாக்னஸ் மான்ஸ்கே, தரவுத்தளத்தை அடிப்படையாகக் கொண்ட புதிய மென்பொருளை எழுதினார். 2002 ஜனவரியில் விக்கிப்பீடியா அதற்கு மாறியது. வருகையாளர் கூட்டம் மேலும் பெருகவே அதுவும் மெதுவாயிற்று. லீ டேனியல் குரோக்கர் என்னும் நிரலாளர் அதனை மீண்டும் எழுத, அவ்வாண்டு ஜூலையில் இரண்டாவது மாற்றம் நிகழ்ந்தது. இதுவே பின்னர் ‘மீடியாவிக்கி’ எனப் பெயர் பெற்றது.

ஓராண்டுக்குள் இருமுறை அடித்தளமே மாறியபோதும் அச்சமூகம் சிதறவில்லை. காரணம் எளிது. மான்ஸ்கேயும் குரோக்கரும் அச்சமூகத்தின் உறுப்பினர்கள். எந்தக் குறையால் பிறர் வருந்தினரோ, அதே குறையால் அவர்களும் வருந்தினர். சமையலறையில் நின்று சமைப்பவரே அடுப்பை மாற்றி அமைத்தார் எனலாம்.

திணிக்கப்பட்ட மாற்றம்

காலப்போக்கில் இந்நிலை மாறியது. மென்பொருளை உருவாக்கும் பொறுப்பில் பெரும்பகுதி, விக்கிமீடியா அறக்கட்டளையின் ஊதியம் பெறும் பொறியாளர்களிடம் சேர்ந்தது. எழுதுவோர் வேறு, கருவி செய்வோர் வேறு என ஆயினர். உரசலும் தொடங்கியது.

விக்கிப்பீடியாவில் எழுதுவதற்கு ‘விக்கியுரை’ என்னும் குறியீட்டு முறையை அறிந்திருக்கவேண்டியிருந்தது. ஒரு சொல்லைத் தடித்த எழுத்தில் காட்ட அதன் இருபுறமும் மும்மூன்று மேற்கோள் குறிகளும், வேறொரு கட்டுரைக்கு இணைப்புத் தர இருபுறமும் இரட்டைச் சதுர அடைப்புகளும் இடவேண்டும். புதியவர்கள் இதனைக் கண்டு தயங்கினர். அத்தயக்கத்தைப் போக்க, குறியீடுகளே இன்றி எழுத உதவும் ‘காட்சித் தொகுப்பி’யை அறக்கட்டளை உருவாக்கியது. நோக்கம் நல்லது, இதனை ஐயுறுவதற்கில்லை.

ஆனால், 2013 ஜூலையில் அது ஆங்கில விக்கிப்பீடியாவின் பயனர்களுக்கு இயல்புநிலைக் கருவியாக வழங்கப்பட்டபோது முழுமை பெற்றிருக்கவில்லை. பெரிய கட்டுரைகளைத் திறக்க நெடுநேரம் ஆனது. அட்டவணைகளைக் கையாள இயலவில்லை. தேவையற்ற குறியீடுகள் கட்டுரைகளுள் நுழைந்தன. கருவி விட்டுச்சென்ற பிழைகளைக் களையும் வேலை பழைய பயனர்களின் தலையில் விழுந்தது. ஜெர்மன் மொழிச் சமூகமும் அதனை இயல்புநிலையாக ஏற்க மறுத்தது. அவ்வாண்டு செப்டம்பர் இறுதிக்குள், விரும்புவோர் மட்டும் பயன்படுத்தும் நிலைக்கு அக்கருவி ஆங்கில விக்கிப்பீடியாவில் தள்ளப்பட்டது.

அடுத்த ஆண்டு பூசல் முற்றியது. படங்களைப் பெரிதாகக் காட்டும் புதிய வசதியை இயல்புநிலையில் ஏற்பதில்லை என ஜெர்மன் விக்கிப்பீடியர்கள் வாக்கெடுப்பில் முடிவு செய்தனர். அம்முடிவைச் செயற்படுத்த அங்கிருந்த நிர்வாகி ஒருவர் தளத்தின் நிரலைத் திருத்தினார். அறக்கட்டளையோ, தன் பணியாளர் தவிர எவரும் அப்பக்கத்தைத் திருத்த முடியாதபடி, 2014 ஆகஸ்டில் புதியதொரு பூட்டு முறையை நிறுவியது. தன்னார்வலர் பலர் இதனை அவமதிப்பாகக் கருதினர். பல நூறு பேர் கையொப்பமிட்ட எதிர்ப்பு மடல் வெளியாயிற்று. 2015 நவம்பரில் அப்பூட்டு முறை நீக்கப்பட்டது.

படம் எவ்வாறு திறக்கவேண்டும் என்பது சிறு செய்தி. ‘இந்தத் தளத்தில் இறுதிச் சொல் யாருடையது’ என்பது சிறு செய்தியன்று. ஓராண்டுக்கு மேல் நீடித்த கசப்பு, அவ்வினாவுக்கு விடையாகப் பூட்டைக் காட்டியதால் விளைந்தது.

கேட்டுச் செய்த மாற்றம்

இந்த அனுபவத்தின் பயன் பின்னர் தெரிந்தது. விக்கிப்பீடியாவின் கணினித் திரைத் தோற்றம் 2010ஆம் ஆண்டுக்குப் பின் பெரிதாக மாறாதிருந்தது. ‘வெக்டர் 2022’ என்னும் புதிய தோற்றத்தை உருவாக்கியபோது, அதனை எல்லா மொழிகளிலும் ஒரே நாளில் புகுத்தவில்லை. பிரெஞ்சு போன்ற சில மொழிச் சமூகங்கள் முன்னதாகவே அதன் பகுதிகளைப் பயன்படுத்திப் பார்த்தன. 2022ஆம் ஆண்டின் பிற்பகுதியில் ஆங்கில விக்கிப்பீடியாவில் நூற்றுக்கணக்கானோர் அதுபற்றி விவாதித்தனர். வரிகளின் அகலம் குறுகிவிட்டது என்பது அவர்கள் கூறிய முதன்மையான குறை. அகலத்தை வேண்டியவாறு மாற்றிக்கொள்ளும் பொத்தான் சேர்க்கப்பட்டது. அதன்பின், 2023 ஜனவரி 18 அன்று புதிய தோற்றம் நடைமுறைக்கு வந்தது.

எதிர்ப்பு அப்போதும் எழுந்தது. பழைய தோற்றமே மீளவேண்டும் எனப் பலர் கோரினர். அடுத்தும் ஒரு நீண்ட விவாதம் நடந்தது. ஆனால், இம்முறை எவரும் பூட்டப்பட்ட கதவின்முன் நிற்கவில்லை. கணக்கு வைத்திருப்போர் தம் விருப்பத்தேர்வில் பழைய தோற்றத்தை வைத்துக்கொள்ள வழி இருந்தது. கேட்டுச் செய்யும் மாற்றம் எதிர்ப்பை முற்றிலும் ஒழித்துவிடாது. எதிர்ப்போரும் சமூகத்தில் நீடிக்க இடம் தரும். அதுவே அதன் சிறப்பு.

வாக்களிக்க வராதோர்

இதுகாறும் கூறியவற்றால், பயனர்கள் சொல்வதே எப்போதும் சரி என்னும் எண்ணம் எழலாம். அது பாதி உண்மையே.

வாக்கெடுப்பில் கலந்துகொள்வோர் யார்? பழைய கருவியில் தேர்ச்சி பெற்றவர்கள். அக்கருவி கடினமாக இருந்ததால் முயன்று பார்த்து விலகியோர் அங்கே இல்லை. இனி எழுத வரப்போவோரும் அங்கே இல்லை. பழகிய பாதை எளிதாகத் தோன்றுவது அப்பாதையின் சிறப்பால் அன்று. நடந்த கால்களின் பழக்கத்தால். இப்பழக்கத்தையே சான்றாகக் காட்டிப் புதியதை மறுப்பது முறையாகாது.

தமிழிலிருந்தே ஒரு சான்று காணலாம். தமிழ் விக்கிப்பீடியா 2003ஆம் ஆண்டில் தொடங்கியது. தமிழ்99 விசைப்பலகையில், ஆங்கிலச் சதுர அடைப்புகளுக்குரிய இரு விசைகளில் ‘ச’, ‘ஞ’ ஆகிய எழுத்துகள் அமைந்துள்ளன. விக்கியுரையில் ஓர் இணைப்புத் தரவேண்டுமாயின், எழுதுபவர் அடைப்புகளை அவற்றுக்குரிய வழக்கமான விசைகளில் நேராக இட இயலாது; திறக்கும்போதும் மூடும்போதும் வேறு வழியில் இடவேண்டும். பல இணைப்புகள் கொண்ட ஒரு கட்டுரையில் இவ்வேலை எத்தனை முறை நிகழும் என எண்ணிப் பாருங்கள். ஆங்கிலத்தில் எழுதுவோர் உணராத தடை இது. இத்தகைய எழுத்தாளருக்குக் காட்சித் தொகுப்பி உண்மையான விடுதலை. ஆங்கிலச் சமூகத்தின் மூத்த பயனர்களுக்கு இடையூறாகத் தோன்றிய அதே கருவி, வேறொரு மொழியில் புதிதாக எழுத வருவோருக்குத் திறந்த வாயிலாகிறது.

அக்கருவியின் பிற்கால வரலாறும் இதனை உறுதி செய்கிறது. விரைவு கூட்டப்பட்டு, அட்டவணைகளைக் கையாளும் வசதி சேர்க்கப்பட்டு, அது படிப்படியாக மீண்டும் வழங்கப்பட்டது. 2013இல் விலக்கப்பட்ட கருவியை இன்று பலர் இயல்பாகப் பயன்படுத்துகின்றனர். பழைய விக்கியுரை முறையும் அருகிலேயே இருக்கிறது.

ஆகவே, வராதோர் பொருட்டும் எவரேனும் பேசவேண்டும். ஆனால், அவர்கள் பெயரைச் சொல்லி வந்தோரை ஒதுக்கிவிடுதல் ஆகாது. ‘புதியவர்களுக்கு இது நல்லது’ என்று கூறும் நிறுவனம், புதியவர்களை அமர்த்தி எழுதச் செய்து, அவர்கள் எங்கே தடுமாறினர், எங்கே தெளிந்தனர் எனக் காட்டவேண்டும். சான்றின்றி ஒரு வாக்கியமும் எழுதக்கூடாது என்று வற்புறுத்தும் கலைக்களஞ்சியத்துக்கு, அதன் மென்பொருளைப் பற்றிய கூற்றுக்கும் சான்று கேட்கும் உரிமை உண்டு.

இரு தரப்பின் கடமை

இந்நிகழ்வுகள் இரு தரப்பாருக்கும் கடமைகளைக் காட்டுகின்றன.

மாற்றம் செய்வோர், முழுமை பெறாத கருவியைப் பொதுவில் புகுத்தக்கூடாது. மாறும் நாளையும் காரணத்தையும் முன்னரே அறிவிக்கவேண்டும். குறை சொல்ல ஓரிடமும், சொன்ன குறைக்கு விடையும் இருக்கவேண்டும். இயன்றவரை பழைய முறையைச் சிலகாலம் உடன் வைத்திருக்கவேண்டும்.

பயன்படுத்துவோர், முதல்நாள் எரிச்சலை முடிவான தீர்ப்பாகக் கொள்ளக்கூடாது. சில வாரம் பழகிப் பார்த்தபின் குறை கூறவேண்டும். ‘பிடிக்கவில்லை’ என்பதைவிட, ‘இந்தப் பக்கத்தில், இந்தச் செயலின்போது, இவ்வாறு தடைப்பட்டது’ என்று எழுதுவது பயன் தரும். தமக்கு இடையூறானது பிறருக்கு உதவியாக இருக்கக்கூடும் என்பதையும் மறக்கலாகாது.

இவை இணையதளங்களுக்கு மட்டும் உரியவை அல்ல. பள்ளி நூலகத்தில் நூல்களை அடுக்கும் முறை மாறினாலும், ஊராட்சி அலுவலகத்தில் மனுக் கொடுக்கும் முறை மாறினாலும் இவ்வினாக்களே எழும். அங்கு நாள்தோறும் வருவோரைக் கேட்டார்களா? வர இயலாதோரை எண்ணினார்களா? இவ்விரண்டுக்கும் ‘ஆம்’ என்று விடை கூறத்தக்க மாற்றமே மேம்பாடு என்னும் பெயருக்கு உரியது. மற்றவை வெறும் மாற்றங்களே.

சொற்பொருள்

தன்னார்வலர் – ஊதியம் கருதாது தாமே முன்வந்து பணி செய்வோர்
கலைக்களஞ்சியம் – பல்துறைச் செய்திகளின் தொகுப்பு
இயல்புநிலை – பயனர் எதையும் மாற்றாதபோது அமைந்திருக்கும் நிலை
பூசல் – கருத்து மோதல்

பயிற்சி

1. 2002ஆம் ஆண்டின் மாற்றங்களைச் சமூகம் எளிதாக ஏற்றதற்குக் கட்டுரை கூறும் காரணம் யாது?
2. தமிழ்99 விசைப்பலகையில் எழுதுவோர் விக்கியுரையில் எதிர்கொள்ளும் இடர்ப்பாட்டை விளக்குக.
3. ‘வாக்கெடுப்பில் வென்ற கருத்தே சரியான கருத்து’ – இக்கூற்றை ஏற்றோ மறுத்தோ ஒரு பத்தி எழுதுக.
4. உங்கள் பள்ளியில் அண்மையில் மாறிய ஒரு நடைமுறையைக் கட்டுரையின் இறுதியில் உள்ள இரு வினாக்களைக் கொண்டு ஆராய்ந்து எழுதுக.