ஐந்தே ஆண்டு ஆண்ட மன்னன்

“உனக்குப் பிடித்த மன்னர் யார்?” என்று பள்ளிக்கூடப் பிள்ளைகளைக் கேட்டால் தயங்காமல் பதில் வரும். ஒருவன் அலெக்சாந்தர் என்பான். மற்றொருவன் நெப்போலியன் என்பான். ராஜராஜன், சிவாஜி, அக்பர் என்று வேறு சிலர் கூறுவர். “ஏன் பிடிக்கும்?” என்று அடுத்தபடியாகக் கேட்டால், பெரும்பாலும் ஒரே விதமான பதில்தான் கிடைக்கும். “அத்தனை நாடுகளை வென்றார், அத்தனை பெரிய படை வைத்திருந்தார்” என்பார்கள். பிள்ளைகளைக் குறை கூறிப் பயனில்லை. பெரியவர்கள் எழுதிய பாடப் புத்தகங்களில் யுத்தங்களுக்குப் பக்கம் பக்கமாக இடம் உண்டு; அந்த யுத்தங்கள் நடந்த வயல்களை உழுதவனுக்கு ஒரு வரிகூட இருப்பதில்லை.

அளவுகோல் வெற்றி மட்டுமே என்றால் சரித்திரத்தில் ஒரு சங்கடம் உண்டாகிறது. அலெக்சாந்தர் கி.மு. 323-ல் கண் மூடியதும் அவருடைய சாம்ராஜ்யத்தைத் தளபதிகள் கூறு போட்டுக் கொண்டார்கள். நெப்போலியன் வென்ற நாடுகள் அவர் கண் முன்பாகவே கை நழுவிப் போயின. அசோகரை உலகம் இன்றும் கொண்டாடுகிறது. ஆனால் அது கலிங்கத்தை வென்றதற்காக அல்ல, வென்ற பிறகு வருந்தியதற்காக. ஆகவே, ஒரு மன்னனை மதிப்பதற்கு வாளைத் தவிர வேறோர் அளவுகோல் வேண்டும். அந்த அளவுகோல் எது என்பதைத் தெரிந்து கொள்ள ஷெர்ஷாவின் வாழ்க்கை நல்ல பாடம்.

ஷெர்ஷா அரச குலத்தில் பிறந்தவன் அல்லன். பீகாரில் சஸாராம் பகுதிக்கு ஜாகீர்தாராக இருந்த ஹஸன்கான் என்னும் ஆப்கானியரின் மகன். இயற்பெயர் பரீத். வீட்டில் மாற்றாந்தாயின் ஆதிக்கம் பொறுக்காமல் ஜோன்பூருக்குப் போய்ப் படித்தான். பிறகு தந்தை அவனைத் திரும்ப அழைத்து, தமது ஜாகீரில் இரண்டு பர்கானாக்களின் நிர்வாகத்தை ஒப்படைத்தார். அந்தச் சிறிய நிலப்பரப்புதான் பின்னாளில் அவன் வட இந்தியாவை ஆளக் கற்றுக் கொண்ட பள்ளிக்கூடம்.

அங்கே அவன் முதலில் கண்டது குடியானவனின் அவலம். விளைந்தது எவ்வளவு, வரி எவ்வளவு என்பதெல்லாம் கணக்குப் பிள்ளையின் வாயிலும் கிராமத் தலைவனின் கையிலும் இருந்தது. பரீத் குடியானவர்களை நேரில் வரவழைத்தான். நிலத்தை அளந்து வரி கட்டுவதா, விளைச்சலில் பங்கு கொடுப்பதா என்பதை அவரவர் விருப்பத்துக்கே விட்டான். வரி விதிக்கும்போது இரக்கம் காட்டலாம், வசூலிக்கும்போது சலுகை கூடாது என்பது அவன் கொள்கை. இந்த அனுபவம் நெடுநாள் நீடிக்கவில்லை. குடும்பப் பூசலில் அவன் பதவி பறிபோயிற்று. பிழைப்புத் தேடிப் புறப்பட்ட இளைஞன் பீகார் அதிபதியிடம் வேலைக்கு அமர்ந்து, வேட்டையில் புலியைக் கொன்று ‘ஷெர்கான்’ என்ற பட்டம் பெற்றான். சில காலம் பாபரின் பாசறையிலும் இருந்து, மொகலாயப் படையின் பலத்தையும் பலவீனத்தையும் கூர்ந்து பார்த்துக் கொண்டான்.

பார்த்தது வீண் போகவில்லை. 1539 ஜூன் 26-ல் கங்கைக் கரையில் சௌஸா என்னுமிடத்தில் பாபரின் மகன் ஹுமாயூனின் படையை விடியற்காலையில் எதிர்பாராமல் தாக்கி நிலைகுலையச் செய்தான். ஹுமாயூன் ஆற்றில் குதித்தார். தண்ணீர் சுமப்பவன் ஒருவன் காற்று நிரப்பிய தோற்பையைக் கொடுத்து அவரைக் கரையேற்றினான் என்பது பிரசித்தமான கதை. பாசறையில் சிக்கிய ஹுமாயூனின் மனைவி பேகா பேகத்தை ஷெர்கான் தக்க மரியாதையுடன் திருப்பி அனுப்பி வைத்தான். டில்லியில் இன்றும் கம்பீரமாக நிற்கும் ஹுமாயூன் சமாதியைப் பின்னாளில் எழுப்பியவர் அந்த அம்மையாரே. அடுத்த ஆண்டு, 1540 மே 17-ல் கனோஜ் அருகில் நடந்த போரில் ஹுமாயூன் மறுபடியும் தோற்று, நாட்டை விட்டே ஓடினார். ஐம்பது வயதைக் கடந்த ஜாகீர்தார் மகன் டில்லியின் பாதுஷா ஆனான்.

அவன் ஆண்டது ஐந்தே ஆண்டுகள். அதிலும் பாதிக் காலம் போர்க்களத்தில் கழிந்தது. மிச்சமிருந்த நேரத்தில் செய்ததைப் பார்த்தால் வியப்பு உண்டாகும்.

நிலம் கயிறு கொண்டு அளக்கப்பட்டது. சராசரி விளைச்சலில் மூன்றில் ஒரு பங்கு அரசாங்கத்துக்கு என்று விதிக்கப்பட்டது. குடியானவன் கையில், அவன் செலுத்த வேண்டியது இவ்வளவு என்று எழுதிய பட்டா கொடுக்கப்பட்டது. அதை ஒப்புக் கொண்டு அவன் ‘கபூலியத்’ எழுதித் தந்தான். தமிழ்நாட்டுத் தாலுகா அலுவலகங்களில் இன்றும் ‘பட்டா’ என்ற சொல் புழங்குகிறது. எழுத்தில் ஒரு காகிதம் கையில் இருப்பது ஏழைக்கு எத்தனை தைரியம் என்பதை அதற்காக நடையாய் நடந்தவர்கள் அறிவார்கள். வாய்மொழியை மாற்றலாம், காகிதத்தை அவ்வளவு எளிதில் மாற்ற முடியாது.

படை நடந்து செல்லும் வழியில் பயிர் அழியக் கூடாது என்பது கண்டிப்பான உத்தரவு. வழி குறுகலாகி வயலுக்குள் இறங்க நேர்ந்தால், அழிந்த பயிரை அளந்து நஷ்டஈடு கொடுக்கப்பட்டது. பச்சைப் பயிரைப் பறித்த ஓர் ஒட்டகக்காரனுக்கு மூக்கில் துளையிட்டுத் தலைகீழாகத் தொங்கவிட்டான் என்று சொல்வதுண்டு. தண்டனை கொடூரமானதுதான். ஆயினும், எந்தப் படை வந்தாலும் வயலை விட்டு ஓடிப் பழகிய உழவனுக்கு, ராஜாவின் சேனை தன் வேலியோரம் ஒதுங்கிப் போனது புதுமையாகவே இருந்திருக்கும்.

வங்காளத்துச் சோனார்காவிலிருந்து சிந்து நதி வரை ஒரு ராஜபாட்டை அமைந்தது. மௌரியர் காலம் தொட்டே அந்தத் திசையில் பாதை உண்டு. சிதைந்து கிடந்ததைச் செப்பனிட்டு, இரு மருங்கிலும் மரம் நட்டு, இரண்டு குரோச தூரத்துக்கு ஒரு சத்திரம் கட்டியது ஷெர்ஷாவின் பணி. அவன் அமைத்த பெருஞ்சாலைகள் நான்கு; சத்திரங்கள் 1,700 என்று சரித்திரம் கூறுகிறது. சத்திரம்தோறும் கிணறு, இந்துக்களுக்கும் முஸ்லிம்களுக்கும் தனித்தனியே தங்கும் இடம், தனித்தனியே சமையல், தபால் கொண்டு செல்ல இரண்டு குதிரைகள். வழியில் திருட்டுப் போனால் அந்தக் கிராமத் தலைவனே திருடனைக் காட்ட வேண்டும். இல்லையேல் நஷ்டத்தைக் கட்ட வேண்டும்.

இது பற்றிச் சுவையான கதை ஒன்று உண்டு. இரு கிராமங்களின் எல்லையில் ஒரு கொலை நடந்தது. இரு ஊர்த் தலைவர்களும் “எங்களுக்குத் தெரியாது” என்றார்கள். ஷெர்ஷா அந்த இடத்திலிருந்த மரத்தை வெட்டும்படி ஆளனுப்பினான். ஊர்த் தலைவர்களில் ஒருவன் உடனே தடுக்க ஓடி வந்தான். “மரம் வெட்டுவது காதில் விழுந்ததே, மனிதன் கழுத்தை வெட்டியது எப்படிக் காதில் விழாமல் போயிற்று?” என்று அவனை மடக்கினான் மன்னன். கொலையாளி மூன்று நாட்களுக்குள் பிடிபட்டானாம்.

நாணயமும் அவன் கையால் திருந்தியது. கலப்பட நாணயங்களை ஒழித்து, ஏறக்குறைய 178 கிரெயின் எடையுள்ள வெள்ளி ரூபாயை நிலைநிறுத்தினான். அந்த எடை பெரிய மாறுதலின்றிக் கும்பெனியார் காலம் வரை வந்தது. 1835-ல் அவர்கள் வெளியிட்ட ரூபாயின் எடை 180 கிரெயின். இந்தியா, பாகிஸ்தான், நேபாளம், இலங்கை ஆகிய நான்கு நாடுகளும் இன்றும் தங்கள் பணத்தை ரூபாய் என்றே அழைக்கின்றன.

இவ்வளவும் சொன்ன பிறகு இன்னொரு பக்கத்தை மறைப்பது நேர்மையாகாது. 1543-ல் ராய்சேன் கோட்டையை முற்றுகையிட்டபோது, உயிருக்கும் மானத்துக்கும் தீங்கு வராது என்று பூரண்மல் என்னும் ராஜபுத்திரத் தலைவனுக்கு உறுதிமொழி கொடுத்தான் ஷெர்ஷா. அதை நம்பி அவன் குடும்பத்தாருடன் வெளியே வந்தான். வந்த பிறகு, அந்த உறுதி செல்லாது என்று மார்க்க அறிஞர்கள் சிலர் சொன்ன தீர்ப்பைத் துணைக்கு வைத்துக் கொண்டு, கூடாரங்களைச் சூழ்ந்து தாக்கினான். பெண்களைத் தங்கள் கையாலேயே மாய்த்துவிட்டு ராஜபுத்திரர்கள் போரிட்டு மடிந்தனர். எஞ்சிய குழந்தைகள் அடிமைகளாயினர். ஷெர்ஷாவின் வாழ்வில் இது அழியாத கறை. ஆயிரம் சத்திரங்கள் கட்டினாலும் கொடுத்த வாக்கை மீறிய பழி கழுவப்படுவதில்லை. நில வரியிலும் குறை உண்டு. நன்செய், மத்திமம், கடைத்தரம் என்ற மூன்று வகை நிலங்களின் விளைச்சலைக் கூட்டிச் சராசரி கண்டதால், கடைத்தர நிலம் வைத்திருந்த ஏழைக்குப் பாரம் அதிகமாயிற்று.

குறையைச் சொல்வதால் நிறை குறைந்து விடுமா? இல்லை. குறையை மறைத்தால்தான் நிறையின் மீதும் சந்தேகம் வரும். தம் மதத்தவன், தம் மொழியினன், தம் குலத்தவன் என்பதற்காக ஒரு மன்னனின் கொடுமைகளுக்கெல்லாம் சமாதானம் தேடுவதும், பிறத்தியான் என்பதற்காக இன்னொரு மன்னனின் நன்மைகளையெல்லாம் புதைப்பதும் இந்த நாட்டில் பழகிப் போன வியாதி. இறந்து நானூறு ஐநூறு ஆண்டுகளான அரசர்களின் பெயரால் இன்று உயிரோடிருப்பவர்கள் முகம் சுளித்துக் கொள்வதற்கு இந்த வியாதியே காரணம்.

ஷெர்ஷாவுக்குப் பரிந்து பேச வம்சம் மிஞ்சவில்லை. 1545 மே 22-ல் காலிஞ்சர் கோட்டை முற்றுகையில், மதிலில் மோதித் திரும்பிய வெடி ஒன்று வெடிமருந்துக் குவியலில் விழுந்து தீப்பற்ற, உடல் கருகி மாண்டான். பத்தே ஆண்டுகளில், 1555-ல், ஹுமாயூன் திரும்பி வந்து டில்லியைக் கைப்பற்றினார். ஷெர்ஷாவின் வரலாற்றை விரிவாக எழுதிய அப்பாஸ்கான் சர்வானி, பகைவர் மகனான அக்பரின் கட்டளைப்படியே எழுதினார். அவரும் ஆப்கானியர் ஆகையால் புகழ்ச்சியில் கொஞ்சம் தள்ளிப் பார்க்க வேண்டும். ஆனால் அக்பரின் செயலுக்குத் தள்ளுபடி தேவையில்லை. ஷெர்ஷாவிடம் பணியாற்றிய தோடர்மாலையே தம் நிதி மந்திரியாக்கி, நிலத்தை அளந்து வரி விதிக்கும் முறையை அக்பர் மேலும் திருத்தி வளர்த்தார். தோற்கடித்தவனின் ஆட்சி முறையைத் தோற்றவரின் மகன் ஏற்றுக் கொண்டதைவிட ஷெர்ஷாவுக்குப் பெரிய நற்சாட்சி வேண்டியதில்லை.

சஸாராமில் ஏரியின் நடுவே 122 அடி உயரத்தில் அவன் சமாதி நிற்கிறது. அவன் செப்பனிட்ட சாலை இன்று வங்கதேசம், இந்தியா, பாகிஸ்தான் என்று மூன்று நாடுகளின் வழியாகச் செல்கிறது. எல்லைக் கோடுகள் குறுக்கே விழுந்துவிட்டன; ஆயினும் அந்தச் சாலையில் லாரிகளும் மாட்டு வண்டிகளும் இன்றும் ஓடுகின்றன.

பிள்ளைகளிடம் “உனக்குப் பிடித்த மன்னர் யார்?” என்று கேட்கும் ஆசிரியர்கள் இனி அத்துடன் நிறுத்தாமல் இருந்தால் நல்லது. “அந்த மன்னர் காலத்தில் உழவன் எப்படி இருந்தான்? வழிப்போக்கன் இரவில் அச்சமின்றித் தூங்கினானா? கொடுத்த வாக்கை மன்னர் காப்பாற்றினாரா?” என்றும் கேட்கட்டும். முதல் இரண்டு கேள்விகளில் ஷெர்ஷா தேறுவான், மூன்றாவதில் தோற்பான். அப்படித் தேறியதையும் தோற்றதையும் ஒருசேரச் சொல்லக் கற்ற பிள்ளை, நாளை வாக்குச் சாவடிக்குப் போகும்போதும் அதே கேள்விகளைக் கேட்கும்.