கூலி பாக்கி

(கதையின் திருப்பங்கள் இப்பதிவில் வெளிப்படும். படம் பார்க்காதோர் பிறகு வாசிக்கலாம்.)

லோகேஷ் கனகராஜ் இயக்கத்தில் ரஜினிகாந்த் நடித்து, 2025 ஆகஸ்ட் 14 அன்று வெளியான ‘கூலி’யைப் பற்றி எல்லோரும் பேசி ஓய்ந்துவிட்டார்கள். திரைக்கதையில் ஓட்டை, சண்டைகள் மிகுதி, நட்சத்திரங்கள் நெரிசல் என்று குறைகள் அடுக்கப்பட்டுவிட்டன. என் குற்றச்சாட்டு வேறு. தமிழின் மிகக் கனமான சொற்களுள் ஒன்றைத் தலைப்பாக எடுத்துக்கொண்ட இப்படம், அச்சொல்லுக்குரிய கணக்கைத் தொடாமலேயே பழிக்கணக்கை முடித்துவிட்டது.

அன்று தமிழ்நாட்டில் முதல் காட்சி காலை 9 மணிக்கு. கேரளத்தில் 6 மணிக்கு. அந்த மூன்று மணி நேர முந்துதலுக்காகவே களியக்காவிளையைத் தாண்டித் திருவனந்தபுரம் வருவோர் உண்டு. வந்து இறங்கும் இடம் தம்பானூர். பேருந்து நிலையமும் தொடர்வண்டி நிலையமும் எதிரெதிரே நிற்கும் இந்த ஊரில், சிவப்புச் சட்டையும் கையில் உலோகப் பட்டையும் அணிந்த சுமைதூக்குவோரைக் கடக்காமல் எவரும் திரையரங்குக்குப் போக முடியாது. படத்தின் நாயகனுக்கும் அத்தகைய பட்டை உண்டு, எண் 1421. ஒற்றுமை அந்தப் பட்டையோடு முடிந்துவிடுகிறது.

‘கூலி’ முதலில் ஆளைக் குறித்த சொல் அன்று. உழைப்புக்கு ஈடாகப் பெறுவதைக் குறித்த சொல். வள்ளுவர் 619ஆம் குறளில் இச்சொல்லை ஆள்வதும் அப்பொருளில்தான். மலையாளம், கன்னடம், தெலுங்கு ஆகியவற்றிலும் இச்சொல் அப்பொருளில் வழங்குகிறது. உழைப்பவரைச் சுட்ட நேர்ந்தபோது ‘கூலியாள்’, ‘கூலிக்காரர்’ என்று மனிதரையும் சேர்த்தே தமிழ் சொன்னது. அந்த மனிதர் கழன்று விழுந்தது காலனிய ஆவணங்களில். ஆங்கிலச் சொல்லின் மூலம் தமிழ்க் ‘கூலி’யா, குஜராத்தின் ‘கோலி’ என்னும் சமூகப் பெயரா என்ற விவாதம் நீடிக்கிறது. மூலம் எதுவாயினும், நேட்டாலின் கரும்புத் தோட்டங்களுக்கும் இலங்கை மலையகத்துக்கும் மலாயாவின் இரப்பர்த் தோட்டங்களுக்கும் கடல் கடந்து போன தமிழர்மீது ஒட்டப்பட்ட பெயர் அது. தென்னாப்பிரிக்காவில் அது இன்றும் வசைச்சொல். 2016ஆம் ஆண்டு ரயில்வே நிதிநிலை அறிக்கையில், ‘கூலி’ என்ற பெயரைக் கைவிட்டுச் ‘சகாயக்’ என்று அழைக்கப்போவதாக அறிவித்தார்கள். இலக்கணத்தில் இதை ஆகுபெயர் என்று ஒரு சொல்லில் அடக்கிவிடலாம். வரலாற்றில் அப்படி அடக்க முடியாது.

இத்தனை சுமையுள்ள சொல்லை வைத்துப் படம் என்ன செய்கிறது?

முன்னாள் துறைமுகத் தொழிலாளி தேவா, சென்னையில் மேன்ஷன் நடத்துகிறார். நண்பர் ராஜசேகர் இறந்த செய்தி கேட்டு விசாகப்பட்டினம் போகிறார். ராஜசேகர் கண்டுபிடித்தது, பிணத்தைச் சாம்பலாக்கும் ஒரு மின் நாற்காலி. துறைமுகத்தை ஆளும் சைமன் தன் கொலைகளின் தடயத்தை அழிக்க அதைப் பயன்படுத்திக்கொள்கிறான். போகப்போக, அவனது உண்மையான தொழில் ஏழைத் தொழிலாளர்களைக் கொன்று உடலுறுப்புகளை விற்பது என்று தெரியவருகிறது.

இங்கே சற்று நில்லுங்கள். உழைப்பைச் சுரண்டியது போதாமல் உழைத்த உடலையே பிரித்து விற்கும் முதலாளி. எரித்த பின் எலும்பும் மிஞ்சாத எந்திரம். கூலி மறுக்கப்பட்டவரின் வரலாற்றை இதைவிடக் கூர்மையாகச் சொல்லும் ஒரு படிமம் தமிழ் வணிகப் படத்துக்கு எளிதில் அமையாது. படம் அதை ஒரு திருப்பமாக மட்டும் காட்டிவிட்டு அடுத்த சண்டைக்கு ஓடிவிடுகிறது. செத்த தொழிலாளருள் ஒருவரின் பெயராவது, ஊராவது, அவருக்காகக் காத்திருந்த வீடாவது நம் நினைவில் நிற்கிறதா? நிற்பவை சைமனின் தோரணையும் ‘மோனிகா’ பாட்டும்தான். சௌபின் ஷாகிரின் தயாளும் நிற்கிறான். அது அந்த நடிகரின் உழைப்பு, திரைக்கதையின் கொடை அன்று.

தேவாவின் சினத்துக்குப் படம் இறுதியில் காட்டும் நியாயம் இரத்த உறவு. நண்பரின் மகளாக வளர்ந்த பிரீத்தி உண்மையில் தேவாவின் மகள். அதாவது, பெயரற்ற தொழிலாளர்களின் சாவு ஒரு நாயகனைச் சினம் கொள்ளச் செய்யப் போதாது. இடையில் ஒரு மகள் வேண்டும். இந்த ஒரு முடிவில்தான் படம் தன் தலைப்பைக் காட்டிக்கொடுக்கிறது.

வணிகப் படத்தில் இவ்வளவுதான் முடியும் என்பார்கள். முடியும் என்பதற்குச் சான்று ரஜினிகாந்தின் பட்டியலிலேயே இருக்கிறது. 1975இல் வந்த ‘தீவார்’, 1981இல் அவர் நடிப்பில் ‘தீ’ என்று தமிழில் வந்தது. ‘தீவார்’ நாயகனும் துறைமுகத் தொழிலாளிதான். அவன் பட்டையின் எண் 786. அங்கே மோதல் தொடங்குவது கூலியில்: ரௌடிகளுக்கு மாமூல் தர மறுத்த தொழிலாளி ஒருவன் உயிரிழக்கிறான்; அதன் பிறகே நாயகன் கைநீட்டுகிறான். அதுவும் மசாலாப் படந்தான். ஆனால் முதல் அடிக்குக் காரணம் எவருடைய கூலி என்று பார்வையாளருக்குத் தெரியும்.

கேரளத்திலிருந்தே இன்னொரு சான்று தரலாம். ராஜீவ் ரவியின் ‘துறமுகம்’ 2023இல் வெளியானது. மட்டாஞ்சேரித் துறைமுகத்தில் வேலைக்கான உலோகச் ‘சாப்பா’வைக் கூட்டத்தின் நடுவே வீசி எறிவார்கள், அடித்துப் பிடித்து எடுத்தவனுக்கு அன்று வேலை. அந்த முறையை எதிர்த்த போராட்டத்தில், 1953 செப்டம்பர் 15 அன்று துப்பாக்கிச் சூட்டில் தொழிலாளர் மாண்டனர். அப்படத்திலும் குறைகள் உண்டு, வேகம் மந்தம். ஆயினும் ஓர் உலோகத் துண்டு ஒரு குடும்பத்தின் அன்றைய சோறு என்பதை அது மறக்கவில்லை. 1421 என்னும் பட்டை எவருடைய சோற்றோடும் தொடர்புடையதன்று. விளம்பரச் சட்டையில் அச்சிட ஏற்ற எண், அவ்வளவே.

பழிவாங்கும் கதை என்னும் வகையே மலிவானது என்று ஒதுக்குவோருடனும் எனக்கு உடன்பாடில்லை. பொங்காலை நாளில் தம்பானூரின் தெருக்கள் முழுதும் செங்கல் அடுப்புகளாக மாறும். அந்த அடுப்புகள் ஆற்றுகால் பகவதிக்கு. அவளைக் கண்ணகியாகவே காணும் மரபு இங்கே உண்டு. நம் மொழியின் மாபெரும் பழிதீர்ப்புக் கதையில் முதலில் வருவது வழக்கு: சிலம்பை உடைத்து, உள்ளே இருந்தது மாணிக்கம் என்று மெய்ப்பித்த பிறகுதான் மதுரை எரிகிறது. எரியும்போதும் யாரை விலக்க வேண்டும் என்று நெருப்புக்கு ஆணை உண்டு. ‘கூலி’யில் நெருப்பு தாராளம், வழக்கைத்தான் காணோம்.

“ரஜினி படத்துக்கு இதெல்லாம் எதற்கு? போய் ரசித்துவிட்டு வாருங்கள்” என்று அறிவுரை வரும். இப்படத்தின் இசை வெளியீட்டு விழாவில் ரஜினிகாந்த் ஒரு பழைய நினைவைப் பகிர்ந்தார்: தாம் மூட்டை தூக்கிய நாளில், பெட்டியை ஏற்றச் சொன்ன பழைய கல்லூரித் தோழர் 2 ரூபாயைக் கையில் கொடுத்துக் குத்திக்காட்டியதைப் பற்றி. அந்த 2 ரூபாயின் கனம் படத்தின் எந்தக் காட்சியிலும் இல்லை. நாயகனே சுமந்து வந்த கதையைக்கூட எடுத்துக்கொள்ளாத இயக்குநரை, ரசிகரின் பெயரால் காப்பாற்ற வேண்டியதில்லை.

படம் உலக அளவில் 500 கோடி ரூபாய்க்கு மேல் வசூலித்ததாகச் செய்திகள் வந்தன. கேரளத்தில் ‘நோக்குகூலி’ என்றொரு சொல் உண்டு: சுமை தூக்காமல், பிறர் தூக்குவதைப் பார்த்து நின்றதற்குப் பெறும் பணம். 2018 மே 1 முதல் அரசு அதற்குத் தடை விதித்தது. அச்சொல்லை வைத்து உழைப்பவர் எல்லோரையும் ஏளனம் செய்வோரை நான் வெறுக்கிறேன். ஆனால் ஒரு தலைப்பு, சுமை எதையும் தூக்காமல் சுவரொட்டியில் நின்றபடியே இவ்வளவு ஈட்டும்போது, அந்த ஈட்டத்துக்கு வேறு பெயர் எனக்குத் தெரியவில்லை.

சொல்லைக் கடன் வாங்கலாம், தவறில்லை. வாங்கியவர் அதன் சுமையையும் ஏற்க வேண்டும். ‘கூலி’ என்று பெயரிட்டுவிட்டுக் கூலிப்படைச் சண்டையை மட்டும் காட்டிய இப்படம், தொழிலாளிக்கும் தமிழுக்கும் கூலி பாக்கி வைத்திருக்கிறது.