கடிக்காத பச்சோந்தி எது மாமா?

ஞாயிற்றுக்கிழமை காலை 7 மணிக்கு லண்டனில் யாரும் யாருக்கும் போன் செய்வதில்லை. என் தங்கை மகள் மட்டும் செய்வாள்.

"மாமா, கடிக்காத பச்சோந்தி எது? சீக்கிரம் சொல்லு. அம்மா எழுந்திரிக்கிறதுக்குள்ள முடிவு பண்ணணும்."

அவளுக்கு 13 வயது. நாய், பூனை, முயல் என எதன் ரோமம் பட்டாலும் மூச்சிரைக்கும். மீன் வேண்டாம், அது பேசாது என்றாள். பச்சோந்தி மட்டும் பேசுமா என்று நான் கேட்கவில்லை. பாம்பு என்ற பேச்சை எடுத்தபோது என் தங்கை போட்ட சத்தம் பக்கத்துத் தெருவுக்கே கேட்டிருக்கும். ஆக, கடைசியில் பச்சோந்தியில் வந்து நின்றிருக்கிறது.

செல்லப்பிராணிகளைப் பற்றி இந்தப் பகுதியை எழுதுவதால் குடும்பத்தில் எனக்கு டாக்டர் மரியாதை உண்டு. நான் டாக்டர் இல்லை. ஊர்வன வளர்த்து, சிலவற்றைக் காப்பாற்றி, சிலவற்றைப் பறிகொடுத்தவன். அம்முவின் கேள்விக்கு உடனே பதில் சொல்லாததற்கு அந்தப் பறிகொடுத்த கதைதான் காரணம்.

நான் வாங்கிய முதல் பச்சோந்தி, ஏமன் பச்சோந்தி. தலையில் கிரீடம் வைத்ததுபோல் உயர்ந்த கொண்டை இருக்கும் வகை. கடையில் கையை நீட்டினேன். சீறவில்லை, வாயைப் பிளக்கவில்லை, உடம்பை உப்பவில்லை. அப்படியே உள்ளங்கையில் உட்கார்ந்து கண்ணை மூடிக்கொண்டது. "ரொம்ப சாது சார், நல்லா பழகின குட்டி" என்றார் கடைக்காரர். எனக்குப் பெருமை தாங்கவில்லை. வீட்டுக்கு வந்தவர்களிடம் எல்லாம் கையில் எடுத்துக் காட்டினேன். 11 நாள்தான் இருந்தது. இறப்பதற்கு முதல் நாள் காட்டிய கால்நடை மருத்துவர், வளைந்துபோன முன்னங்காலைத் தடவிப் பார்த்துவிட்டுச் சொன்னார்: "இது சாதுவான பச்சோந்தி இல்லை. எதிர்க்கத் தெம்பில்லாத பச்சோந்தி."

உடம்பில் நீர் வற்றியிருந்தது. சுண்ணாம்புச் சத்து இல்லாமல் எலும்பு குழைந்திருந்தது. பகலில் கண்ணை மூடும் பச்சோந்தி நோயாளி என்பதுகூட அன்று எனக்குத் தெரியாது.

அதனால் அம்முவிடம் முதலில் சொன்னது இதைத்தான்: பச்சோந்தியில் 'சாது' என்றால் உன்னோடு விளையாட விரும்புவது என்று அர்த்தமில்லை. உன்னைப் பொறுத்துக்கொள்வது என்று அர்த்தம். தடவிக்கொடுத்தால் அதற்குச் சுகமில்லை. மடியில் வந்து படுக்காது. தினமும் கையில் எடுத்தால் அதற்கு அது தினமும் ஒரு தொல்லை.

எதிர்முனையில் கொஞ்ச நேரம் சத்தமே இல்லை.

"அப்ப எதுக்கு மாமா வளர்க்கணும்?"

"பார்க்கிறதுக்கு."

உண்மையிலேயே பார்ப்பதற்குத்தான். ஒரு கண் உங்களைப் பார்க்கும்போது மறு கண் பின்னால் இருக்கும் வெட்டுக்கிளியைப் பார்க்கும். இரண்டும் ஒரே திசைக்குத் திரும்பினால், அடுத்து நாக்கு பாயப்போகிறது என்று பொருள். உடம்பின் நீளத்தைவிட நீண்டு போய் ஒட்டிக்கொண்டு திரும்பும் நாக்கு அது. நிறம் மாறுவதும் நாம் நினைப்பதுபோல் பின்னணிக்கு ஏற்ப ஒளிந்துகொள்வதற்காக மட்டும் இல்லை. கோபம், பயம், குளிர், இன்னொரு ஆணைப் பார்த்த வீம்பு எல்லாம் தோலில் தெரியும். சாயம் மட்டும் மாறுவதில்லை, தோலுக்குள் இருக்கும் நுண்ணிய படிகங்களின் இடைவெளியே மாறுகிறது என்பதை 2015இல் ஜெனீவா பல்கலைக்கழக ஆய்வாளர்கள் காட்டினார்கள். மனசில் இருப்பதைத் தோலில் காட்டிவிடும் பிராணியைப் போய் நாம் ஏமாற்றுக்காரர்களுக்கு உவமையாகச் சொல்கிறோம்.

சரி, எந்த வகை? இதில் மூன்று நான்கு பெயர்கள்தான் பேச்சில் அடிபடும்.

ஏமன் பச்சோந்தி எங்கும் கிடைக்கும், விலையும் குறைவு, வெப்பதட்ப மாற்றத்தைக் கொஞ்சம் தாங்கும். அதனால் புதிதாக வளர்ப்பவர்களுக்கு இதைத்தான் கடைகளில் தள்ளுவார்கள். ஆனால் குணம் என்று பார்த்தால் இதுதான் முன்கோபி. குட்டியில் பொறுமையாக இருக்கும் ஆண், வளர்ந்ததும் கூண்டுக் கதவைத் திறந்தாலே சீறும். எல்லாமே அப்படி இல்லை, சில நல்ல பிள்ளைகளும் உண்டு. பெண்ணை வாங்கினால் வேறு சிக்கல். ஆண் துணை இல்லாமலேயே முட்டையிடும், அதுவும் டஜன் கணக்கில். தோண்டி முட்டையிட ஈரமணல் பெட்டி வைக்காவிட்டால் முட்டை வயிற்றிலேயே தங்கி உயிரை வாங்கிவிடும். 13 வயதுப் பெண்ணுக்கு முதல் பிராணியாக இது வேண்டாம் என்றேன்.

சாதுவான வகை எது என்று பழைய ஆட்களைக் கேட்டால் மடகாஸ்கரின் பார்சன் பச்சோந்தியைத்தான் முதலில் சொல்வார்கள். உலகத்திலேயே பெரிய பச்சோந்திகளில் ஒன்று, நிதானமான யானை மாதிரி. அதன் முட்டை பொரிக்க ஒரு வருடத்துக்கு மேல், சில சமயம் இரண்டு வருடம்கூட ஆகும். விலையைக் கேட்டால் நமக்குத்தான் நிறம் மாறும். அறையளவு கூண்டும் அனுபவமும் வேண்டும். இதை அம்முவிடம் சொல்லாமலேயே விட்டுவிட்டேன். சொன்னால் அதுதான் வேண்டும் என்பாள்.

மூன்று கொம்பு ஜாக்சன் பச்சோந்தி கென்யா, தான்சானியா மலைகளைச் சேர்ந்தது. பெரும்பாலும் அமைதியானது. முட்டையிடாமல் குட்டி போடும். இரவில் நல்ல குளிர்ச்சி கேட்கும் என்பதால் லண்டன் வீட்டுக்குப் பொருந்தும் என்று தோன்றலாம். சூடு கொஞ்சம் அதிகமானாலே வாடிவிடும், வாடியதையும் சீக்கிரம் காட்டிக்கொள்ளாது. எங்கள் வீடுகளில் குளிர்காலம் முழுக்க ஹீட்டர் ஓடுவதை மறந்துவிடக் கூடாது. (இந்த வகை 1972இல் ஹவாய்க்குக் கொண்டுபோகப்பட்டு, தோட்டத்தில் விடப்பட்டு, காட்டில் பரவி, இன்று அங்குள்ள அரிய நத்தைகளைத் தின்று தீர்க்கிறது. வளர்க்க முடியவில்லை என்றால் திருப்பிக் கொடுங்கள். எந்தப் பிராணியையும் வெளியில் விட்டுவிடாதீர்கள்.)

நான் அம்முவுக்குச் சொன்னது பாந்தர் பச்சோந்தி. இதுவும் மடகாஸ்கர்தான். எந்த ஊர் வகையோ அந்த ஊர்ப் பெயரே அதற்கும். நோசி பே தீவு வகை நீலப்பச்சை, அம்பிலோபே வகை சிவப்பும் நீலமும் கலந்தது. ஏமனைவிடப் பொதுவாகப் பொறுமைசாலி. கையிலிருந்து இரை வாங்கிப் பழகிவிட்டால் ஆளைப் பார்த்ததும் கிளையின் முன்பக்கம் வந்து நிற்கும். நல்லபடி வளர்த்தால் 5 முதல் 7 வருடம். ஆணாக ஒன்று மட்டும். இரண்டாவது வேண்டவே வேண்டாம், இன்னொன்றைக் கண்ணில் பார்த்தாலே போதும், இரண்டும் நிம்மதி இழக்கும். கூண்டுக்கு எதிரே நிலைக்கண்ணாடிகூட இருக்கக் கூடாது.

இங்கே ஒரு நிமிடம். தமிழ்நாட்டில் இதைப் படிக்கும் பிள்ளைகள் நாளைக்கே வேலிக்குப் போய்விடப் போகிறீர்கள். அங்கே தலை சிவந்து, தலையை ஆட்டி ஆட்டி மிரட்டுவது பெரும்பாலும் ஓணான். உண்மையான பச்சோந்தி ஆடி அசைந்து, காற்றில் இலை ஆடுவதுபோல நடக்கும். இந்தியாவுக்கும் இலங்கைக்கும் உரிய வகை அது. 1972 வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி அதைப் பிடிப்பதும் வீட்டில் வைத்திருப்பதும் குற்றம். ரோட்டைக் கடந்தால் கடந்து முடிக்கும்வரை வண்டியை நிறுத்துங்கள், போதும். வெளிநாட்டு வகையை வைத்திருப்பவர்களும் 2024 விதிகளின்படி அரசிடம் பதிவு செய்ய வேண்டும். ரசீதும் அனுமதியும் இல்லாமல் பெட்டியில் வைத்து விற்பவரிடம் வாங்காதீர்கள்.

அம்மு கதைக்கு வருகிறேன். இரண்டு வாரம் கழித்து, பாந்தர் இனப்பெருக்கம் செய்யும் ஒருவர் வீட்டுக்குப் போனோம். என் தங்கையும் வந்தாள், கைப்பையை மார்போடு அணைத்துக்கொண்டு. காட்டில் பிடித்ததை வாங்காதே, வீட்டில் பொரித்ததையே வாங்கு என்று சொல்லியிருந்தேன். காட்டில் பிடிபட்டது பெரும்பாலும் பயத்தோடும் வயிற்றுப் பூச்சியோடும்தான் வரும், அதைப் பழக்குவது கஷ்டம்.

நான்கு மாதக் குட்டிகள் ஐந்து, தனித்தனிக் கூண்டில். அம்மு கையை மேலிருந்து கொண்டுபோனாள். நான் தடுத்தேன். மேலிருந்து வருவது பச்சோந்திக்குப் பருந்து. கையை அதன் முன்னால், கொஞ்சம் கீழே, கிளைபோல வைத்து அசையாமல் இருக்க வேண்டும். முதல் குட்டி கறுத்துப்போய் வாயைப் பிளந்தது. இரண்டாவது கிளையின் மறுபக்கம் போய் ஒளிந்துகொண்டது. மூன்றாவது கை வந்தும் அசையவே இல்லை.

"இதுதான் மாமா சாது!"

"கண்ணைப் பாரு."

கண் உள்வாங்கியிருந்தது. வளர்ப்பவரிடம் சொன்னேன். அவரும் உடனே எடுத்துத் தனியே வைத்தார். பிழைத்ததா என்று பிறகு கேட்கவில்லை, கேட்டிருக்க வேண்டும். நான்காவது முதலில் சீறியது, பிறகு நின்று, ஒரு காலை நீட்டி விரலைத் தொட்டு, இழுத்துக்கொண்டு, மறுபடி தொட்டது. ஏழெட்டு நிமிடம் ஆகியிருக்கும். முழுதாக ஏறவில்லை. பளிச்சென்ற கண், நேரான கால்கள், கிளையைப் பிடித்த பிடியில் உறுதி. சீறத் தெம்பும் இருக்கிறது, ஆளை அறியும் ஆர்வமும் இருக்கிறது.

"இதுவா? இது சீறுதே!" என்றாள் என் தங்கை.

"அதனாலதான்" என்றாள் அம்மு. நான் ஒன்றும் சொல்லவில்லை.

பச்சோந்தியைவிடக் கூண்டுக்குத்தான் அதிகச் செலவானது. ஆள் உயரக் கம்பிவலைக் கூண்டு, உயிருள்ள செடிகள், வெயில் காய ஒரு விளக்கு, எலும்புக்காகப் புற ஊதாக் குழல்விளக்கு. அந்தக் குழல் எரிந்துகொண்டே இருந்தாலும் ஒரு வருடத்தில் வீரியம் குறைந்துவிடும், மாற்ற வேண்டும். கிண்ணத்தில் தண்ணீர் வைத்தால் பச்சோந்திக்கு அது தண்ணீர் என்றே தெரியாது, இலையில் சொட்டுகிற துளியைத்தான் நக்கும். காலையும் மாலையும் செடியில் தெளிக்க வேண்டும். சுவர்க்கோழி, வெட்டுக்கிளி இரண்டுக்கும் சுண்ணாம்புச் சத்துப் பொடி தூவித்தான் கொடுக்க வேண்டும். இரண்டு சுவர்க்கோழிகள் தப்பித்துச் சமையலறையில் கச்சேரி நடத்தியது தனிக் கதை. என் தங்கை இன்னும் என்னிடம் அதைச் சொல்லிக்காட்டுகிறாள்.

முதல் மூன்று வாரம் கூண்டுக்குள் கையே விடாதே என்று அம்முவுக்குச் சொல்லியிருந்தேன். எதிரே உட்கார்ந்து வீட்டுப்பாடம் செய்தாளாம். நான்காவது வாரம் விரல் நுனியில் வெட்டுக்கிளி. ஐந்து நாள் அது திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

போன வியாழன் இரவு வீடியோவில் கூப்பிட்டாள். கூண்டு விளக்குகள் அணைந்திருந்தன. உச்சிக் கிளையில் வாலைச் சுருட்டிக்கொண்டு வெளிறிய பச்சையில் தூங்கிக்கொண்டிருந்தது. பின்னால் என் தங்கை, "ஸ்... மெதுவா பேசுடி, முழிச்சுக்கப் போகுது" என்று அதட்டுவது கேட்டது.

"சாயந்திரம் என் கையிலேர்ந்து சாப்பிட்டுச்சு மாமா. நாக்கு விரல்ல பட்டுச்சு. ஈரமா, பிசுபிசுன்னு."

"கையில ஏறுச்சா?"

"இல்ல. நான் கேக்கல."